பிரெவலன்ஸ்: பரவலா, இருப்பா?

காரைக்குடிக்குத் தெற்கே ஒரு கண்மாய்க்கரை. ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போடும் முகாம் நடந்துகொண்டிருந்தது. வேறு வேலையாகப் போன நானும் நிழலுக்காக அங்கே ஒதுங்கினேன். வேப்பமரத்தில் கட்டியிருந்த தட்டியில் 'வட்டாரத்தில் நோய்ப் பரவல் குறைந்துள்ளது' என்று எழுதியிருந்தது. பக்கத்துக் கொல்லையில் ஆட்டுக்கிடை போட்டிருந்த கீதாரி (மந்தை மேய்ப்பவர்) ஒருவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "என்னங்கய்யா, பரவல் கொறஞ்சிருச்சுன்னு போட்டிருக்கு. எங் கிடையில இன்னும் பதினாலு உருப்படி மூக்கொழுகிக் கெடக்கே?"

தட்டி எழுதியவர் சொன்னதும் சரி, கீதாரி சொன்னதும் சரி. அந்த வாரம் புதிதாக நோய் கண்ட ஆடுகள் குறைவு. ஏற்கெனவே விழுந்தவை இன்னும் எழுந்திருக்கவில்லை. இந்த இரண்டு கணக்குக்கும் ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள்: முதலாவது இன்சிடன்ஸ், இரண்டாவது பிரெவலன்ஸ். நாம் இரண்டையும் 'பரவல்' என்றே எழுதிப் பழகிவிட்டோம். வம்பு அங்கேதான்.

பிரெவலன்ஸ் என்றால் என்ன? ஒரு குறிப்பிட்ட நாளில், மொத்த உருப்படியில் எத்தனை உருப்படிக்கு நோய் இருக்கிறது என்ற பங்கு. கிடையில் 200 ஆடு, இன்று நோயோடு நிற்பவை 30 என்றால் பிரெவலன்ஸ் 15 சதவீதம். அவற்றுக்கு நோய் நேற்று வந்ததா, போன மாதம் வந்ததா என்று இந்தக் கணக்கு கேட்காது. இன்சிடன்ஸ் கேட்கும். இந்த வாரத்தில் மட்டும் எத்தனை ஆடு புதிதாக விழுந்தது என்பதுதான் அது.

சொல்லின் வேர் லத்தீன். பிராய் என்றால் முன், மேல். வலேரே என்றால் வலுவாக இருத்தல். இரண்டும் சேர்ந்து பிராய்வலேரே, அதாவது மற்றதைவிட வலுத்து நிற்பது. வலுத்தது எங்கும் காணப்படும் என்பதால், 'பரக்கக் காணப்படுவது' என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. மருத்துவக் கணிதத்தில் இது சதவீதமாகச் சுருங்கியது அதற்கும் பிந்திய கதை. நம்மிடம் புழங்கும் 'பிரபலம்' என்ற வடசொல்லும் இதே வழியில் நடந்திருப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். பிர, பலம்: மிகுந்த வலிமை. அது தமிழுக்கு வந்து 'எல்லாருக்கும் தெரிந்தது' என்று ஆகிவிட்டது. ஓசை ஒத்துப்போகிறதே என்று இரண்டையும் பங்காளியாக்க வேண்டாம். பொருள் மாறிய தடம் ஒன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். இன்சிடன்ஸின் வேர் இன்னும் எளிது. மேலே வந்து விழுதல்.

சரி, பரவல் ஏன் போதாது? பரவு என்பது அசைவைச் சொல்லும் வினை. தீ பரவும், செய்தி பரவும், கொடி பரவும். கடலுக்குப் பரவை என்றொரு பழைய பெயர் உண்டு. அதில் விரிந்து கிடக்கும் நிலை இருக்கிறது. 'மாவட்டத்தில் பரவலாக மழை' என்னும்போதும் நிலைதான் தெரிகிறது. ஆனால் 'ஆக' கழன்று வெறும் பரவல் ஆனதும் காதுக்கு ஓட்டம்தான் கேட்கிறது. நோய்ப் பரவல் என்று படிப்பவர், நோய் ஒரு கிடையிலிருந்து இன்னொரு கிடைக்குத் தாவுவதாகத்தான் எடுத்துக்கொள்வார். அது பிரெவலன்ஸ் இல்லை.

செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு இதற்குச் சொல் தேடுவது கொஞ்சம் வெட்கக்கேடுதான். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் பேரேட்டில் நாள் தவறாமல் எழுதிய சொல் இங்கேயே கிடக்கிறது: இருப்பு. அன்றைக்கு உள்ளே வந்தது வரவு. வெளியே போனது செலவு. பெட்டியை மூடும்போது நிற்பது இருப்பு. நோய்க்கும் அப்படியே பொருந்துகிறது. புதிதாக நோய் கண்டவை வரவு, அதாவது இன்சிடன்ஸ். குணமானதும் செத்ததும் செலவு. இன்றைய தேதியில் நோயோடு நிற்பவை இருப்பு, அதாவது பிரெவலன்ஸ். வெறும் இருப்பு என்றால் தண்டவாளம் நினைவுக்கு வருகிறவர்கள் 'நோயிருப்பு' என்று சேர்த்தே எழுதலாம். 'நிலவுதல்' என்ற வினையும் பொருளுக்குப் பொருந்தும்தான். ஆனால் நிலவு விகிதம் என்று தட்டியில் எழுதினால் கீதாரி வானத்தைப் பார்ப்பார்.

இருப்பு என்று சொன்னதும், பரவல் என்ற சொல் மறைத்துவைத்திருந்த ஒரு விஷயம் வெளியே வந்துவிடுகிறது. வரவு குறைந்தாலும் செலவு நடக்காவிட்டால் இருப்பு குறையாது. கீதாரியின் பதினாலு ஆட்டுக்கு இதுதான் விடை. இன்னொன்று, செலவு இரண்டு வகை. முன் சொன்ன கிடையில் நோய்ப்பட்ட 30 ஆட்டில் 20 செத்துப்போனதாக வைத்துக்கொள்வோம். மிச்சம் 180 ஆடு, நோயோடு 10. பிரெவலன்ஸ் 15 சதவீதத்திலிருந்து ஆறுக்கும் கீழே இறங்கிவிட்டது! காகிதத்தில் பார்த்தால் நல்ல சேதி மாதிரி இருக்கும். கிடைக்காரனுக்கு அது இடி. நோய்ப்பட்ட ஆட்டை அவசரமாகச் சந்தையில் தள்ளினாலும் இதே கதைதான். இந்த ஏட்டில் செலவு, வாங்கியவன் ஏட்டில் வரவு. அதனால் நோயிருப்பை மட்டும் தனியாகச் சொல்லும் எந்த அறிக்கையையும் நான் பாதிதான் நம்புவேன். சாவுக் கணக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நோய் எத்தனை நாள் தங்குகிறது என்பதும் இருப்பைத் தீர்மானிக்கும். ஒரு வட்டாரத்தில் தினமும் 2 மாடு புதிதாக விழுகிறது, ஒவ்வொன்றும் 10 நாள் நோயில் கிடக்கிறது என்றால், எந்த நாளில் போய் எண்ணினாலும் சுமார் 20 மாடு நோயோடு இருக்கும். 60 நாள் கிடந்தால் 120. வரவு அதேதான். கோமாரியில் வாய்ப்புண்ணும் குளம்புப் புண்ணும் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். தோல் கழலை நோயில் கட்டிகள் மாதக்கணக்கில் நிற்பதுண்டு. இரண்டையும் ஒரே நாளில் எண்ணி, எது வேகமாகத் தொற்றுகிறது என்று முடிவுகட்டினால் தப்பாகப் போகும்.

கோமாரி என்றதும் அந்தப் பெயரையும் சொல்லிவிடலாம். கோ மாடு, மாரி இங்கே மழையில்லை, கொள்ளைநோய். கிராமத்தில் காணை என்பார்கள்; கால்காணை, வாய்க்காணை என்று பிரித்தும் சொல்வார்கள். அதை உண்டாக்குவது வடிகட்டியில் சிக்காத நுண்பொருள் என்று லோஃப்லரும் ஃபிராஷும் 1898இல் காட்டினார்கள். விலங்குகளில் கண்டறியப்பட்ட முதல் வைரஸ் அதுதான். ஆட்டுக்கொல்லிக்குத் தமிழ்நாட்டோடு தனித் தொடர்பே உண்டு. 1942இல் ஐவரி கோஸ்டில் விவரிக்கப்பட்ட அந்த நோய், இந்தியாவில் முதலில் உறுதியானது 1987இல், இப்போதைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில். ஊர்ப்பெயரோடு 'அரசூர் 87' என்றே ஒரு தடுப்பூசி வைரஸும் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 'சிறு அசைபோடும் விலங்குகளின் கொள்ளைநோய்' என்று நீட்டி முழக்கியதை, ஆட்டுக்கொல்லி என்று ஒரே சொல்லில் முடித்த தமிழ் அழகு.

அடுத்தது சீரோபிரெவலன்ஸ். அறிக்கைகளில் அதிகம் வருவதும், அதிகம் தப்பாகப் படிக்கப்படுவதும் இதுதான். சீரம் என்ற லத்தீன் சொல்லுக்கு முதற்பொருள், பால் திரிந்தபின் பிரியும் தெளிநீர். இரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் தெளிவுக்கும் அதே பெயர் வந்தது. தமிழில் ஊநீர் என்கிறோம். அந்த ஊநீரில் நோயை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) இருக்கிறதா என்று பார்ப்பதால், 'எதிர்ப்பொருள் இருப்பு' என்றால் நேராகப் புரியும். இது இன்றைய நோயைச் சொல்வதில்லை. என்றோ எழுதிய பழைய வரவை இன்று ஏட்டைத் திறந்து பார்ப்பது மாதிரி. நோய் வந்து தேறிய ஆட்டிலும் எதிர்ப்பொருள் இருக்கும், ஊசி போட்ட ஆட்டிலும் இருக்கும். கோமாரியில் ஒரு வசதி: தடுப்பூசியைச் சுத்தப்படுத்தி, வைரஸ் பெருகும்போது மட்டும் உண்டாகும் புரதங்களை நீக்கிவிடுகிறார்கள். அந்தப் புரதங்களுக்கு எதிர்ப்பொருள் இருந்தால் மாட்டுக்கு உண்மையிலேயே தொற்று வந்திருக்கிறது என்று பிரித்துவிடலாம். ஆட்டுக்கொல்லிக்குப் போடுவது உயிருள்ள தடுப்பூசி. அங்கே அப்படிப் பிரிக்க வழியில்லை. ஆகவே ஊசி போட்ட ஊரில் எதிர்ப்பொருள் இருப்பு 80 சதவீதம் என்று வந்தால் அதை மட்டும் வைத்துப் பயப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலும் ஊசி பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

எதை எண்ணுகிறோம் என்பதும் முக்கியம். பத்துக் கிடையில் நாலு கிடையில் நோய் என்பது ஒரு கணக்கு. அந்தப் பத்துக் கிடையின் மொத்த ஆட்டில் எத்தனை என்பது வேறு கணக்கு. 40 சதவீதம் என்று மொட்டையாக எழுதினால் எதுவென்று யாருக்குத் தெரியும்?

கடைசியாக, வீதமா விகிதமா? வாரத்துக்கு இத்தனை, மாதத்துக்கு இத்தனை என்று காலத்தோடு ஓடுவதற்கு வீதம் என்றும், ஒரு நாளில் மொத்தத்தில் பங்கு பார்ப்பதற்கு விகிதம் என்றும் வைத்துக்கொள்வது வசதி. அப்படியானால் நோய்வரவு வீதம், நோயிருப்பு விகிதம்.

அன்று முகாமில் ஊசி போட்டுக்கொண்டிருந்த பெண் டாக்டரிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, தட்டியின் பின்பக்கத்தில் கரித்துண்டால் 'நோய்வரவு குறைவு. நோயிருப்பு அப்படியே' என்று எழுதினார். கீதாரி அதையும் எழுத்துக்கூட்டினார். "இது சரி. இருப்புத் தீர எத்தன நாளாகும்?" என்று அவரிடமே கேட்டார்.