எத்தனை பாயிண்ட் காட்டுவீங்க?

வாரத்துக்கு நாலு தடவையாவது போனில் இந்தக் கேள்வி வரும். "அண்ணாச்சி, ஒரே நாள்ல எத்தனை பாயிண்ட் காட்டுவீங்க?" கேட்பவர் சேலத்துக்காரராக இருப்பார், ஓசூர்க்காரராக இருப்பார். பட்டியலை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார். விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, கண்ணாடிப் பாலம், பகவதி அம்மன் கோயில், வட்டக்கோட்டை, சுசீந்திரம், பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி. மொத்தம் ஒன்பது. ராத்திரி எட்டு மணிக்கு நாகர்கோவில் ஜங்ஷனில் ரயிலைப் பிடிக்க வேண்டும்.

இந்த மாவட்டத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக வழிகாட்டி வேலை பார்க்கிறேன். ஆரம்ப காலத்தில் இந்த ஒன்பதையும் ஒரே பகலில் முடித்துக் கொடுத்திருக்கிறேன். சாயங்காலம் வண்டியை விட்டு இறங்கும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தால் திருவிழாவில் குழந்தையைத் தொலைத்தவர்கள் மாதிரி இருக்கும். வரிசையில் முன்னால் நின்றவர் முதுகையும் வண்டியின் சீட்டையும்தான் அன்றைக்கு அவர்கள் அதிகம் பார்த்தது.

நேரம் எங்கே போகிறது என்று சொல்கிறேன். விவேகானந்தர் பாறைக்குப் போகும் பூம்புகார் கப்பல் கழகத்தின் படகு காலை எட்டு மணி சுமாருக்கு ஓடத் தொடங்கும். பள்ளி விடுமுறையிலும் சபரிமலை சீசனிலும் வரிசை படகுத்துறையைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிடும். கடல் கொந்தளித்தாலும் நீர்மட்டம் இறங்கினாலும் படகை நிறுத்திவிடுவார்கள். அதற்கு யாரிடமும் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை. கோயில்கள் நண்பகலில் நடை சாத்தினால் சாயங்காலம்தான் திறக்கும். அரண்மனையிலும் மதியம் ஒரு மணி நேரம் இடைவேளை உண்டு. கன்னியாகுமரியிலிருந்து அரண்மனைக்குச் சுமார் 35 கிலோமீட்டர். வரைபடத்தில் பார்க்க லேசாகத்தான் தெரியும். நாகர்கோவில் ஊருக்குள் நுழைந்து, வில்லுக்குறி தாண்டி, தக்கலைக்குள் வண்டி ஊர்ந்து முடிக்கும்போதுதான் அந்த 35 என்னவென்று புரியும்.

அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. இந்த ஒரு வரி தெரியாமல் எத்தனை குடும்பங்கள் பூட்டிய வாசலில் நின்று செல்ஃபி எடுத்துவிட்டுப் போயிருக்கின்றன என்பதற்குக் கணக்கே கிடையாது. ஒருமுறை, வெளியூர் டிராவல்ஸ் ஒன்று 14 பேரைத் திங்கட்கிழமை காலையில் அங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டது. பாதி வழியில்தான் எனக்குப் போன் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது டிரைவர் நிழலில் நின்று சாயா குடித்துக்கொண்டிருந்தார், இவர்கள் வெயிலில் நின்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பாவம், பட்டியலை அவரா எழுதினார்?

நான் இப்போது அரை நாள்தான் கேட்கிறேன், அதற்கு ஒரு பழைய தலைநகரம் போதும். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருகிறவர்கள் கடலை எப்படியும் பார்த்துவிடுவார்கள், அதற்கு வழிகாட்டி வேண்டாம். பத்மநாபபுரத்துக்கு வேண்டும்.

அரண்மனை வாசலில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "தமிழ்நாட்டுக்குள்ள இருக்கு, டிக்கெட்ல ஏன் கேரளான்னு போட்டிருக்கு?" இந்தக் கேள்விக்காகவே காத்திருப்பேன். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் பாதிச் சுற்றுலா முடிந்துவிடும். 1956 நவம்பர் 1 அன்று இந்த மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. நிலம் இங்கே வந்தது, அரண்மனை மட்டும் கேரள அரசின் தொல்லியல் துறையிடமே இருந்துவிட்டது. ஏனென்றால் இது, பிறகு கேரளத்தோடு சேர்ந்த திருவிதாங்கூரின் ராஜாக்களுடைய தலைநகரம். கல்குளம் என்பது ஊரின் பழைய பெயர், தாலுகாவுக்கு இன்றைக்கும் அந்தப் பெயர்தான். திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா 1741 ஆகஸ்டில் குளச்சல் கடற்கரையில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார். 1750இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தான் சாமியின் தாசனாக இருந்து ஆண்டார். கல்குளம் பத்மநாபபுரம் ஆனதும் அவர் காலத்தில்தான். அந்த நூற்றாண்டின் கடைசியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனது. ஊர் அப்படியே நின்றுவிட்டது.

இந்தச் சரடு கையில் இருந்தால் உள்ளே எந்த அறைக்குப் போனாலும் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். இல்லாவிட்டால் ஏதோ பழைய மர வீடு, அவ்வளவுதான்.

பூமுகத்தில், அதாவது முகப்பு மண்டபத்தில், நிற்கச் சொல்லித் தலையைத் தூக்கிப் பார்க்கச் சொல்வேன். மரக்கூரையில் 90 பூக்கள், ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. அங்கே தொங்கும் குதிரை விளக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கமே நிற்கும், சங்கிலியின் வேலை அது. மேலே ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் ஜன்னல்களுக்குக் காக்காப்பொன் (மைக்கா) தகடு பதித்திருக்கிறார்கள். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே கால் வைத்துப் பாருங்கள். சாப்பாட்டுக் கூடமான ஊட்டுப்புரையின் இரண்டு தளத்திலும் சேர்த்து 2000 பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். கொட்டாரம் என்றால் அரண்மனை; தாய்க்கொட்டாரம்தான் எல்லாவற்றிலும் பழையது. ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூண் அங்கே இருக்கிறது.

தரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கறுப்புக் கண்ணாடி மாதிரி மின்னும். சிரட்டைக் கரி, முட்டையின் வெள்ளைக்கரு, சுண்ணாம்பு, செடிச்சாறு எல்லாம் சேர்த்துப் போட்டது என்று நாங்கள் சொல்வது வழக்கம். ஒரு தடவை காரைக்குடிப் பக்கத்து ஆச்சி ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். முட்டி வலி. பேரன்கள் மடமடவென்று மாடி ஏறிப் போய்விட்டார்கள். ஆச்சி மெதுவாகக் குனிந்து உள்ளங்கையால் தரையைத் தடவிக்கொண்டே கேட்டார். "எங்க வீட்டுச் சுவருக்கு முட்டையும் கடுக்காயும் போட்டு அரைப்பாக தம்பி. நீங்க அதைத் தரையில ஊத்தி மிதிச்சிருக்கீக?" நான் ஒப்பித்து வைத்திருந்தது அதற்குமேல் வாயில் வரவில்லை. சுண்ணாம்பை எத்தனை நாள் புளிக்க விடுவார்கள், எந்தக் கல்லைக் கொண்டு மழுக்குவார்கள் என்று கால் மணி நேரம் அவர்தான் எனக்கு வகுப்பெடுத்தார். பேரன்கள் 25 நிமிஷத்தில் கீழே வந்து "முடிஞ்சிருச்சு, அடுத்த பாயிண்ட்?" என்றார்கள். ஆச்சி நகரவில்லை.

அந்த முட்டி வலியையும் சொல்லியாக வேண்டும். அரண்மனையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும். மரப்படிகள் செங்குத்தாகவும் குறுகலாகவும் இருக்கும். நிலைப்படிகள் தாழ்ந்தவை, குனியாமல் போனால் நெற்றியில் குட்டு விழும். நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரம் ஆகும். ஏற முடியாதவர்களைக் கட்டாயப்படுத்தி ஏற்றாதீர்கள், பூமுகமும் முற்றங்களும் போதும். முன்கூட்டியே சொன்னால் வழிகாட்டி பாதையை மாற்றிக்கொள்வார். எனக்குச் சொல்லாமல் இருந்துவிட்டு, பாதிப் படியில் நின்று "அம்மாவுக்கு ஆஞ்சியோ பண்ணியிருக்கு" என்று சொன்னவர்கள் உண்டு.

அரண்மனையிலிருந்து கொஞ்ச தூரம்தான் உதயகிரிக் கோட்டை, புலியூர்க்குறிச்சியில் மெயின் ரோட்டை ஒட்டியே இருக்கிறது. முக்கால்வாசி வண்டிகள் அதைத் தாண்டிப் போய்விடும். குளச்சலில் பிடிபட்ட டி லனாய் என்ற டச்சுப் படை அதிகாரி இங்கேதான் மார்த்தாண்ட வர்மாவின் படைக்குப் பயிற்சி கொடுத்தார், பீரங்கி வார்த்தார். ஜனங்கள் அவரை வலிய கப்பித்தான், அதாவது பெரிய கேப்டன், என்றார்கள். 1777இல் இறந்தார். கோட்டைக்குள் கூரை இல்லாத சிறு தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறது. சண்டை போட வந்து, கைதியாகி, ஜெயித்தவனுக்கே தளபதியாகி, இந்த மண்ணிலேயே அடங்கியவர். அரண்மனையைப் பார்த்துவிட்டு நேராக அந்தக் கல்லறை முன்னால் போய் நின்றால், சின்னப் பையன்கள்கூடப் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமைக் கூட்டத்தையும் இங்கேதான் கூட்டி வந்தேன். அதற்கு முன்னால் பத்மநாபபுரம் கோட்டைக்குள்ளேயே தெருவில் நடத்திக் காட்டினேன். சிவராத்திரிக்குப் பக்தர்கள் ஓடியே போய்க் கும்பிடும் சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டு கோயில்களில் ஒன்றான நீலகண்டசுவாமி கோயில், மரத்தில் ராமாயணம் செதுக்கிய ராமசுவாமி கோயில், கருங்கல் மதில். அரண்மனையைத் தவிர எல்லாம் பார்த்தார்கள். அரண்மனை மட்டும் பார்க்கிறவர்கள் இதில் எதையும் பார்ப்பதில்லை.

இனி எங்கள் தொழிலின் வண்டவாளம். வழிகாட்டி சொல்வதெல்லாம் சரித்திரம் இல்லை. அரண்மனையிலிருந்து சாரோட்டுக் கொட்டாரத்துக்குச் சுரங்கப்பாதை என்று ஆரம்பித்து, குதிரையில் போனார்கள், பல்லக்கில் போனார்கள் என்று வேலைக்கு வந்த புதிதில் நான் அளந்து விட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கடைசிவரை கேட்டுவிட்டு, தோளில் கை போட்டு, "தம்பி, குதிரை எந்தப் படி வழியா இறங்கிச்சு?" என்றார். கூட வந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. அன்றிலிருந்து இரண்டு வாய்ப்பாடு வைத்திருக்கிறேன்: "இப்படி எழுதியிருக்கு", "இப்படிச் சொல்வாங்க". முற்றத்தில் இருக்கும் கல் உருண்டை 38 கிலோ, பட்டாளத்தில் சேர அதை 101 தடவை தலைக்கு மேல் தூக்க வேண்டும் என்பது சொல்வாங்க கணக்கு. டி லனாயின் கல்லறை எழுதியிருக்கு கணக்கு. உங்கள் வழிகாட்டியிடம் தைரியமாகக் கேளுங்கள், இது எந்தக் கணக்கு என்று. கோபப்பட்டால் ஆளைப் புரிந்துகொள்ளலாம்.

சுற்றுலாத் துறையின் அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கூலி ஆளுக்கா, குழுவுக்கா, எத்தனை மணி நேரத்துக்கு என்று வண்டியில் ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். தமிழர்களுக்கு இதைக் கேட்க ஒரு கூச்சம். கடைசியில் அந்தக் கூச்சம்தான் வாய்ச்சண்டையில் முடிகிறது.

இன்னொன்று சங்குக் கடை. "பத்து நிமிஷம் நிறுத்துறேன், சும்மா பாருங்க" என்று எந்த டிரைவரோ வழிகாட்டியோ சொன்னால், அந்தப் பத்து நிமிஷத்துக்கு அவருக்குக் கமிஷன் உண்டு. அரை நாள் சுற்றுலாவில் ஒரு மணி நேரம் அங்கேயே போய்விடும். கடைக்காரர் வலம்புரிச் சங்கு என்று எடுத்து நீட்டுவார். நிஜ வலம்புரி லட்சத்தில் ஒன்று கிடைத்தால் அபூர்வம், அலமாரியில் அடுக்கி வைக்க அது முட்டைக்கோஸ் இல்லை. இயற்கையிலேயே அந்தப் பக்கமாகச் சுழலும் வெளிநாட்டுக் கடல் நத்தை ஒன்று உண்டு. அதன் ஓட்டை மெருகேற்றித் தலையில் கட்டிவிடுவார்கள். சங்கின் வாய்க்குள் நடுத்தண்டைப் பாருங்கள். நம் சங்காக இருந்தால் அங்கே மூன்று நாலு மடிப்புகள் வரிவரியாக எழும்பி நிற்கும், அந்த நத்தையில் மழமழவென்று இருக்கும். பவளமும் கடல் விசிறியும் கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. ரயில்வே ஸ்டேஷனில் பிடித்தால் கடைக்காரர் வரமாட்டார். காசு மிச்சமிருந்தால் ரோட்டோரத்தில் ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்குங்கள், பிள்ளைகள் வண்டியிலேயே தின்று முடித்துவிடும்.

சுசீந்திரத்தை விட மனசில்லை என்பவர்களுக்குச் சாயங்காலம் சொல்வேன். 134 அடி ராஜகோபுரம் மஞ்சள் வெயிலில்தான் பார்க்க வேண்டியது. தாணு, மால், அயன், அதாவது சிவன், விஷ்ணு, பிரம்மா மூன்று பேருக்கும் சேர்ந்தே ஒரு சன்னதி. ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், வாசலில் வந்து முகம் சுளிக்க வேண்டாம். இசைத்தூண்களைக் கல்லாலும் மோதிரத்தாலும் தட்டிப் பார்க்கும் பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

நேற்றும் ஒருவர் போன் பண்ணினார். திருப்பூர், பதினோரு பேர். எத்தனை பாயிண்ட் என்றார். என்றைக்கு வர்றீங்க, வயசானவங்க எத்தனை பேர் என்று நான் கேட்டேன். திங்கட்கிழமை, மூணு பேர் என்றார். செவ்வாய்க்கு மாத்துங்க, காலையில ஒன்பது மணிக்கு அரண்மனை வாசல்ல நிக்கணும், பன்னிரண்டரைக்கு உதயகிரிக் கோட்டை முடியும், தக்கலையில சாப்பாடு, சாயங்காலம் சுசீந்திரம் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்போ திற்பரப்பு?"

"அது குளிக்கிற இடம்லா, பாக்குற இடம் இல்ல. மாத்துத் துணி எடுத்துட்டு இன்னொரு நாள் வாங்க."