இரட்டைத் தள்ளுவண்டி வாங்கும் முன் வீட்டு வாசலை அளந்து பாருங்கள்

மூன்று மாத இரட்டைக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதற்காக வந்த இளம் தாய் ஒருவர், ஒரு நாள் காலையில் எங்கள் மருந்தக (கிளினிக்) வாசலிலேயே நின்றுவிட்டார். இரு இருக்கைகளும் பக்கம் பக்கமாக அமைந்த புத்தம் புதிய தள்ளுவண்டி அவருடையது. கதவோ வழக்கம்போல் ஒரு பக்கம் மட்டுமே திறந்திருந்தது. தாழ்ப்பாளை நீக்கி மறுபக்கத்தையும் திறந்த பிறகு வண்டி உள்ளே வந்தது; பதிவு முகப்புக்கும் நாற்காலி வரிசைக்கும் இடையில் மறுபடியும் சிக்கிக்கொண்டது. "கடையில நல்லாத்தான் ஓடுச்சு, மிஸ்ஸி" என்று அவர் சொன்னார். அதே சொற்களை அதற்கு முன்பும் சில தாய்மார்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில், தாய் சேய் நலப் பிரிவில் தாதியாகப் பணியாற்றுகிறேன். எங்களிடம் வருகிறவர்களில் ஒரு பகுதியினர் நகரை ஒட்டிய தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) குடியிருப்பவர்கள். மற்றவர்கள் செம்பனைத் தோட்டங்களுக்குள் எஞ்சியிருக்கும் லயத்து வீடுகளிலிருந்து வருகிறார்கள். கணவர் ஈப்போவுக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போய்விட, பகல் முழுவதும் குழந்தைகளோடு தனித்திருப்பவர் தாய்தான். சில வீடுகளில் பாட்டி துணைக்கு இருப்பார். இணையத்தில் காணும் தள்ளுவண்டிக் காணொளிகளோ பேரங்காடியின் வழுவழுப்பான தரையில் எடுக்கப்பட்டவை. அவற்றில் வண்டியை மடித்துக் காட்டுபவரின் கையில் குழந்தை இருப்பதில்லை. ஆகவே வண்டியின் நிறத்தையும் பெயரையும் பார்க்கும் முன், அது அன்றாடம் ஓடப்போகும் வழியையும், அதைத் தனி ஆளாகத் தூக்கப்போகிறவரின் வலுவையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுமாறு என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்லிவருகிறேன்.

அளவுநாடாவைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது குழந்தைகளின் வயது. கழுத்து நிற்காத குழந்தையை நிமிர்ந்த இருக்கையில் வைத்தால், தலை முன்னால் கவிழ்ந்து முகவாய் மார்பில் படியும். அந்த நிலையில் மெல்லிய மூச்சுக்குழாய் மடங்கி அடைபடக்கூடும், குழந்தை அழக்கூட இயலாமல் போகும். ஆறு மாதம் வரை ஏறக்குறையப் படுக்கையாகச் சாயும் இருக்கைதான் வேண்டும். ஐரோப்பியத் தர அளவான இஎன் 1888-ஐப் பின்பற்றும் வண்டிகளில், போதிய அளவு சாயாத இருக்கைக்கு, ஆறு மாதத்துக்கும் குறைந்த குழந்தைக்கு ஏற்றதன்று என்ற எச்சரிக்கை தரப்பட்டிருக்கும். அதைத் தேடிப் படியுங்கள். நம் நாட்டுத் தடுப்பூசி அட்டவணைப்படி 2, 3, 4, 5, 6 ஆகிய மாதங்களில் தொடர்ந்து மருந்தகத்துக்கு வர வேண்டியிருக்கிறது. வண்டிக்கு அதிக வேலை இருக்கும் அந்தக் காலம்தான் குழந்தை உட்கார முடியாத காலமும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இரட்டையர் என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. பாதிக்கும் மேற்பட்ட இரட்டைக் குழந்தைகள் 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறந்துவிடுகின்றன. 33-ஆவது வாரத்தில் பிறந்த குழந்தையின் வளர்ச்சியை நாங்கள் மதிப்பிடும்போது, 40 வாரத்துக்குக் குறைந்த 7 வாரங்களைக் கழித்துவிட்டே வயதைக் கணக்கிடுவோம். பிறந்து ஆறு மாதம் ஆகியிருந்தாலும், உட்காரும் திறனைப் பொறுத்தவரை அது ஏறத்தாழ நாலரை மாதக் குழந்தைதான். நாட்காட்டியைப் பார்த்து இருக்கையை நிமிர்த்திவிடாதீர்கள். முன்பின்னாக அமைந்த வண்டிகள் பலவற்றில் ஒரே ஒரு இருக்கைதான் முழுதாகப் படுக்கையாகும். அது மூத்த பிள்ளைக்கும் கைக்குழந்தைக்கும் பொருந்துமே தவிர இரட்டையருக்குப் பொருந்தாது. இதை விற்பவர் தாமாகச் சொல்வது அரிது. இரண்டு இருக்கைகளையும் சாய்த்துக் காட்டச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

வண்டியிலேயே குழந்தை உறங்கிவிட்டால், வீடு சேர்ந்ததும் சமமான படுக்கைக்கு மாற்ற வேண்டும். தள்ளுவண்டியையும் கார் இருக்கையையும் வழக்கமான உறங்குமிடமாக ஆக்கிக்கொள்ளக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022-இல் வெளியிட்ட பரிந்துரையும், குறிப்பாக நான்கு மாதத்துக்கு உட்பட்டவர்களைக் குறித்து, வலியுறுத்துகிறது. (ஏணையைப் பற்றி நீங்கள் கேட்க நினைப்பது எனக்குத் தெரியும், அது தனியாக எழுத வேண்டிய செய்தி.)

இனி அகலத்துக்கு வருகிறேன். பக்கவாட்டு இரட்டை வண்டிகள் பெரும்பாலும் 75 செண்டிமீட்டரை ஒட்டிய அகலம் கொண்டவை. முன்பின்னாக அமைந்தவை ஒற்றை வண்டியைவிடச் சற்றே அகலமாக இருக்கும், ஆனால் நீளம் ஒரு மீட்டரைத் தாண்டும். வீட்டுக் கதவை மட்டும் அளந்து வருகிறவர்கள் இரும்புக் கிரில்லை மறந்துவிடுகிறார்கள். நம் வீடுகளில் கிரில்லின் ஒரு பாதி எப்போதும் தாழிடப்பட்டே இருக்கும். அதன் பின்னால் செருப்பு அடுக்கும் இருக்கும். அன்றாடம் நீங்கள் திறக்கும் பாதியில் எத்தனை செண்டிமீட்டர் கிடைக்கிறது என்பதே உண்மையான அளவு. பெரிய தெருவின் பழைய கடைவரிசைக்குப் போகிறவர்கள் கடைகளின் முன்னால் ஓடும் நடைபாதையான அஞ்சடியையும் நினைத்துக்கொள்ள வேண்டும்; அங்கே தூண், மளிகைக்கடையின் அரிசி மூட்டைகள், நிறுத்தப்பட்ட மோட்டார்சைக்கிள் ஆகியவற்றுக்கு இடையில் பக்கவாட்டு வண்டி நுழைவது கடினம், ஒவ்வொரு கடைக்கும் தரையின் உயரமும் மாறும்.

இதை வைத்து முன்பின் வண்டியே சிறந்தது என்று சொல்லிவிட முடியாது. தோட்டத்துச் செம்மண் சாலையில் நிலைமை தலைகீழாகிறது. முன்பின் வண்டியில் முன்னிருக்கைக் குழந்தையின் எடை கைப்பிடியிலிருந்து வெகு தூரத்தில் இருப்பதால், சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட்டால் கைப்பிடியை அழுத்தி முன்பக்கத்தைத் தூக்குவதற்குப் பெரும்பாடு பட வேண்டும். பக்கவாட்டு வண்டியில் இரு குழந்தைகளின் எடையும் கைப்பிடிக்கு அருகிலேயே இருப்பதால் அதை எளிதாகத் தூக்கலாம். இரு பிள்ளைகளின் எடை மிகவும் வேறுபட்டால் மட்டும் கனமான பக்கத்துக்கு இழுக்கும். மேலும், அதில் இருவருக்கும் காற்று ஒரே அளவில் கிடைக்கிறது. ஓர் இருக்கையின் அடியில் மற்றொன்று தாழ்வாக அமைந்த வண்டிகளில் கீழே இருக்கும் குழந்தையின் முகம் தாய்க்குத் தெரிவதில்லை, வெக்கையும் அங்கேதான் தேங்கும். தோட்டத்துக்குள் குடியிருப்பவர்களுக்கு நான் பக்கவாட்டு வண்டியையும், தாமானிலிருந்து பெரும்பாலும் கடைத்தெருவுக்கே போய்வருபவர்களுக்கு முன்பின் வண்டியையும் பரிந்துரைப்பேன். இரண்டு வழிகளிலும் போகிறவர்கள், ஒரு மாதத்தில் எந்த வழியில் அதிக முறை போகிறோம் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

சக்கரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உள்ளங்கையளவு ஞெகிழிச் சக்கரங்கள் சரளைக்கல்லில் திரும்பாமல் மாட்டிக்கொள்ளும். காற்றடைத்த சக்கரம் மெத்தென ஓடினாலும் ஆணி குத்தும். உள்ளே நுரை நிரப்பிய பெரிய சக்கரம் நம் சாலைகளுக்குப் போதுமானது.

எடைதான் தாய்மார்களை ஏமாற்றுவது. இரட்டை வண்டி பொதுவாக 10 முதல் 16 கிலோகிராம் இருக்கும். ஒரு வயதில் குழந்தைக்கு 9 கிலோகிராம் வீதம் கூட்டினால், பையும் சேர்ந்து 30 கிலோகிராமைத் தாண்டிவிடும். தள்ளும்போது அது பெரிதாகத் தெரியாது. காருக்குள் தூக்கி வைக்கும்போதுதான் தெரியும், அதிலும் அறுவை சிகிச்சையில் பிரசவித்தவருக்கு முதல் ஆறு வாரங்களில் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று நாங்களே சொல்லி அனுப்பியிருப்போம். கடைக்குப் போகும்போது உங்கள் காரிலேயே போங்கள். மைவியோ சாகாவோ எதுவானாலும், கடை வாசலில் அதன் பின்பெட்டியைத் திறந்து, மாதிரி வண்டியை ஒரு கையால் மடித்து, கணவரின் உதவியில்லாமல் உள்ளே வைத்துப் பாருங்கள். மறு கையில் ஐந்து கிலோ அரிசிப் பையைப் பிடித்துக்கொள்ளுங்கள். விற்பவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

கார் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் காரில் செல்லும் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு இருக்கை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஈப்போ பெரிய மருத்துவமனைக்குத் தொடர் பரிசோதனைக்காகப் போகும் இரட்டையர்களில் ஒருவரைத் தாயும் மற்றவரைப் பாட்டியும் மடியில் வைத்துக்கொண்டு வருவதை இன்றும் காண்கிறேன். அதே காரின் பின்பெட்டியில் ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் விலையுள்ள தள்ளுவண்டி இருக்கும். கையிருப்பு ஒன்றுக்குத்தான் போதும் என்றால், முதலில் இரண்டு கார் இருக்கைகளை வாங்குங்கள், தள்ளுவண்டி பிறகு வரட்டும். மடியில் இருக்கும் குழந்தையை மோதலின்போது எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது.

இரட்டையர் அல்லாத உடன்பிறப்புகளுக்கு என் கருத்து வேறு. மூத்த பிள்ளைக்கு இரண்டரை வயது கடந்திருந்தால் இரட்டை வண்டியே வேண்டாம் என்பேன். ஆறேழு மாதத்துக்குள் அந்தப் பிள்ளை உட்கார மறுத்து இறங்கி ஓடத் தொடங்கிவிடும், அதன் பிறகு அந்த இருக்கையில் காய்கறிப் பைதான் பயணம் செய்யும். கைக்குழந்தையை அணைப்புப் பையில் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மூத்ததை ஒற்றை வண்டியில் தள்ளலாம், அல்லது ஒற்றை வண்டியின் பின்னால் மூத்த பிள்ளை ஏறி நிற்பதற்கான பலகையைப் பொருத்தலாம். ஒன்றரை வயது இடைவெளி என்றால் இரட்டை வண்டிக்கு உண்மையாகவே வேலை இருக்கிறது. அப்போது இருக்கை தாங்கும் எடையைப் பாருங்கள். 15 கிலோகிராம் வரை தாங்குபவையும் 22 கிலோகிராம் வரை தாங்குபவையும் இருக்கின்றன.

வெயில் நேரத்தில் வண்டியின் முகப்பைத் துண்டாலோ சால்வையாலோ மூடிவிடும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. கண்பட்டுவிடும் என்ற கவலையும் அதில் சேர்ந்துகொள்கிறது. உலர்ந்த துணி காற்றோட்டத்தை மறித்து, உள்ளே வெப்பத்தைக் கூட்டிவிடும். நிழற்கூரையை இறக்கி, பக்கங்களைத் திறந்து வைத்து, பின்கழுத்தைத் தொட்டுப் பாருங்கள்; வியர்த்திருந்தால் குழந்தைக்குச் சூடு அதிகம். கொசுவலை போடலாம், டெங்கிக்காகப் போடத்தான் வேண்டும். மழைக்கான ஞெகிழி உறையை மழை நின்றதும் எடுத்துவிடுங்கள். ஈப்போ கல்லுமலைக் கோவில் தைப்பூசம் போன்ற கூட்டங்களுக்கு வண்டியே கூடாது. அங்கே குழந்தையின் முகம் பெரியவர்களின் முழங்கால் மட்டத்தில் இருக்கும்.

ஒரு முறை மருந்தகத்துக்கு வெளியே, சக்கரப் பூட்டு (பிரேக்) போடாமல் நிறுத்தப்பட்ட வண்டி ஒன்று இரு குழந்தைகளோடு மெல்ல உருண்டு கால்வாயை நோக்கிப் போனது. நடுவில் நின்ற மோட்டார்சைக்கிள் தடுத்ததால் விபரீதம் ஏதும் நிகழவில்லை. நம் ஊர்ச் சாலையோரக் கால்வாய்கள் பலவற்றுக்கு மூடி கிடையாது என்பதால், பத்து விநாடி நின்றாலும் பூட்டை மிதித்துவிட்டே கையை எடுக்க வேண்டும். கைப்பிடியில் கனமான பையை மாட்டுவதும் ஆபத்தானது. முன்பின் வண்டியில் முன்னால் இருக்கும் குழந்தையை முதலில் தூக்கினால், பின்பாரம் மிகுந்து வண்டி மல்லாந்துவிடும். முதலில் பை, அடுத்துப் பின்னால் இருப்பவர், கடைசியாக முன்னால் இருப்பவர் என்பதே இறக்கும் வரிசை. வண்டியை விரிக்கும்போதும் மடிக்கும்போதும் பிள்ளைகள் எட்டி நிற்க வேண்டும். மடிப்பு மூட்டில் விரல் நசுங்கியதால் 2009-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 10 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் 12 குழந்தைகள் விரல் நுனியை இழந்திருந்தார்கள்.

இரட்டை வண்டியின் பயன்பாட்டுக் காலம் குறைவு என்பதால், பழையதை வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. பூட்டை மிதித்துவிட்டுச் சரிவில் தள்ளிப் பாருங்கள். தோள், இடுப்பு, கால்களுக்கு இடையில் என ஐந்து இடங்களில் பிடிக்கும் பட்டைகள் இரு இருக்கைகளிலும் முழுதாக இருக்கின்றனவா, கொக்கி ‘டக்’கென்று விழுகிறதா என்று பாருங்கள். பின்பெட்டியில் ஈரத்தோடு கிடந்த வண்டியில் பூஞ்சணம் பூத்திருக்கும். துணியைக் கழற்றித் துவைக்க முடியாத வண்டியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வாங்கிய பிறகும், ஒவ்வொரு முறை குழந்தையை உட்கார வைக்கும் முன் இருக்கையின் மடிப்புகளைக் கையால் தடவிவிடுங்கள். சிந்திய பாலுக்கு எறும்பு வருகிறது; இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து அழும்போது, கடித்தது எறும்பு என்று கண்டுபிடிக்க வெகு நேரம் ஆகும்.