இறுக்கிக் கட்டினால் எலும்பு கூடிவிடாது

இந்த மாதத்தில் இது மூன்றாவது கை. உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன், எட்டு வயது. கொய்யா மரத்திலிருந்து விழுந்ததில் முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்திருக்கிறது. மூங்கில் தப்பை வைத்து, முட்டை வெள்ளைக்கரு தடவிய துணியைச் சுற்றி, அதற்கும் மேலே கயிறு போட்டு இறுக்கியிருந்தார்கள். மூன்று நாள் கழித்து என்னிடம் வந்தபோது விரல்கள் அவித்த பனங்கிழங்கு மாதிரி தடித்து, வெளிறி, மடங்கி நின்றன. "ராத்திரியெல்லாம் அழுதான் டாக்டரய்யா. கட்டு இறுக்கமா இருந்தா வலிக்கத்தான் செய்யும்னு நாந்தான் அதட்டிப் படுக்கவச்சேன்" என்றார் அப்பத்தா. கத்தரியை நுழைக்க இடமில்லை. முன்கைத் தசை பாதிக்கு மேல் போய்விட்டது.

அப்பத்தாவைக் கோபித்து என்ன செய்ய? போன வாரம் ஒரு வாத்தியாரே நான் போட்ட கட்டைத் தட்டிப் பார்த்து, "லூசா இருக்கே சார், இன்னும் ரெண்டு சுத்து போடுங்க" என்றார்.

எலும்பு என்ன ஃபெவிகால் தடவிய பலகையா, மேலே கல்லை வைத்து அழுத்த? அது தானாகக் கூடும். அதற்கு ரத்தம் ஓட வேண்டும். கட்டின் வேலை அசையாமல் பிடித்துக்கொள்வது, அவ்வளவுதான். அடிபட்ட கை முதல் இரண்டு மூன்று நாள் வீங்கிக்கொண்டே போகும், கட்டோ விரியாது. உள்ளே நெரிபடும் தசை ஆறு மணி நேரம் போல ரத்தமில்லாமல் கிடந்தால் சாகத் தொடங்கும். செத்த தசை நாராய்ச் சுருங்கி விரல்களை இழுத்துக்கொள்ளும். இறுகிய கட்டால் கை இப்படி ஆகிறது என்று ஃபோல்க்மன் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1881இலேயே எழுதிவிட்டார்.

நாட்டு வைத்தியர்கள் போடும் கட்டை மட்டும் நான் குறை சொல்லவில்லை. எங்கள் மாவுக்கட்டு இறுகினாலும் இதே கதைதான். அதனால்தான் புது முறிவுக்குப் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் மாவுப்பட்டை வைத்து, பாண்டேஜ் சுற்றி அனுப்புகிறோம். 'அரைக்கட்டுப் போட்டு ஏமாத்திட்டாங்க' என்று வெளியே போய்ச் சொல்லாதீர்கள், சரியா?

விழுந்த இடத்தில் நீங்களே தப்பை கட்டலாம். கிழித்த அட்டைப்பெட்டியோ மடித்த செய்தித்தாளோ போதும். அடியில் துண்டை மெத்தையாக வைத்து, முறிவுக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாதபடி கட்டுங்கள். முறிந்த இடத்தில் முடிச்சு வேண்டாம். கை எப்படிக் கிடக்கிறதோ அப்படியே இருக்கட்டும். இழுத்து நீட்டாதீர்கள், எண்ணெய் போட்டு உருவாதீர்கள். வளையல், மோதிரம், கோயில் கயிறு எல்லாம் வீங்குவதற்கு முன்னால் வெளியே வர வேண்டும். கயிற்றை வெட்டினால் மாரியாத்தா கோபிக்க மாட்டாள், வெட்டாவிட்டால் நான் கோபிப்பேன்.

விரல் நுனி எப்போதும் கண்ணுக்குத் தெரியட்டும். நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். திரும்பினாலும், விரலை மெல்ல நீட்டும்போது பிள்ளை துடிக்கிறதா, மரத்துப்போச்சு என்கிறதா, மாத்திரை கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். நாடி அடிக்கிறதே என்று ஆறுதல்பட வேண்டாம். தசை செத்துக்கொண்டிருக்கும்போதும் அது அடிக்கும்.

நிறம் திரும்பாவிட்டாலும் சரி, இவற்றில் எது தெரிந்தாலும் சரி, தயவுசெய்து விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். துணிக்கட்டு என்றால் அடித்துணி வரைக்கும் நீளவாக்கில் வெட்டிவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். மாவுக்கட்டை வீட்டில் வெட்ட முடியாது, உடனே கிளம்பி வாருங்கள். கட்டை வெட்டினால் எலும்பு நகர்ந்துவிடாதா என்று கேட்பீர்கள். நகரட்டும். மறுபடி சேர்த்து வைத்துக் கட்டிக்கொள்ளலாம்.