எம்ஜிபி காருக்கு எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன்: காற்றை எடைபோடும் கணக்கு

எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் பானட்டைத் தூக்கினால், எஞ்சினின் இடது பக்கம், காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்கள் அடுத்தடுத்து நிற்கும். அவற்றுக்குக் கீழேயே புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. காற்று உள்ளே போவதும் புகை வெளியே வருவதும் எஞ்சினின் ஒரே பக்கம் என்பதால் கார்புரேட்டர்களை வேறெங்கும் வைக்க முடியாது. 1962இல் இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையிலிருந்து இந்தக் கார் வெளிவந்தபோது இது பெரிய குறையாகப் படவில்லை. அந்த ஊர்க் குளிருக்கு அந்தச் சூடு உதவியாகக்கூட இருந்தது. அதே காரை அக்னி நட்சத்திர மதியத்தில் புதுச்சேரி இந்திரா காந்தி சிலை சிக்னலில் நிறுத்தினால் கதை வேறு. கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணமான ஃப்ளோட் சேம்பரில் உள்ள பெட்ரோல் கொதிக்கும். ஆவி ஒரு பக்கம், வழிந்தோடும் பெட்ரோல் மறுபக்கம் என்று காற்று-பெட்ரோல் கலவை கெட்டு எஞ்சின் நின்றுவிடும். பானட்டைத் திறந்து ஆறவிட்டால்தான் மறுபடி ஸ்டார்ட் ஆகும்.

புதுச்சேரியில் நண்பர் ஒருவரிடம் அப்படியொரு எம்ஜிபி இருக்கிறது. அதை, கார்புரேட்டருக்குப் பதில் கணினி அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷனுக்கு மாற்றும் வேலையில் நானும் கூட இருந்தேன். இப்படி மாற்றினால் பவர் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். 95 குதிரைத்திறன் எஞ்சின் ஏறக்குறைய அதே 95இல்தான் நிற்கும். மாறுவது, உள்ளே போகும் பெட்ரோலின் அளவு எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்பது.

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். எம்ஜிபி எஞ்சின் 1,798 சிசி, நான்கு சிலிண்டர், ஆக ஒன்றுக்குச் சுமார் 450 சிசி. நம் கடற்கரையில் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.16 கிராம். அப்படியென்றால் சிலிண்டர் முழுக்க நிரம்பினால் சுமார் 520 மில்லிகிராம் காற்று. நிஜத்தில் முழுக்க நிரம்பாது. நன்றாக இழுக்கும்போதும் 80 சதவீதம் என்று வைத்தால் 415 மில்லிகிராம். 14.7ஆல் வகுத்தால் 28 மில்லிகிராம் பெட்ரோல். 5,000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு சிலிண்டரும் வினாடிக்கு 40 முறைக்கு மேல் இந்த 28 மில்லிகிராமைக் கேட்கும். கொஞ்சம் கூடினால் ரிச், பிளக் கறுக்கும், மைலேஜ் போகும். கொஞ்சம் குறைந்தால் லீன், மிஸ்ஸிங் வரும், முழு ஆக்சிலேட்டரில் அது நீடித்தால் பிஸ்டனே உருகலாம்.

எஸ்யூ கார்புரேட்டர் இதைச் சமாளிக்கும் விதம் மிக அழகானது. காற்று கூடுதலாக இழுக்கப்பட்டால் உள்ளே ஒரு பிஸ்டன் மேலே எழும்பும், அதோடு சேர்ந்து நுனி மெலிந்த ஒரு நீடிலும் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டிலிருந்து உயரும். நீடில் உயர உயர ஜெட்டின் இடைவெளி அகலும், பெட்ரோல் கூடும். திடீரென்று ஆக்சிலேட்டரை மிதித்தால் பிஸ்டன் துள்ளாமலிருக்க மேலே சிறிது எண்ணெய் இருக்கும். அந்தத் தாமதத்தால் ஒரு கணம் பெட்ரோலை உறிஞ்சும் விசை கூடி, அந்த நேரத்துக்குத் தேவையான கூடுதல் பெட்ரோலும் வந்துவிடும். ஒரு மின்கம்பி கிடையாது. இதைப் பழமை என்று தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

ஆனால் காற்றின் எடை அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிவது ஓட்டம் மட்டுமே. புதுச்சேரியில் கச்சிதமாக டியூன் செய்த காரை 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டிக்கு ஓட்டிப் போங்கள். அங்கே காற்றழுத்தம் 77 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கும். குளிரையும் கணக்கில் சேர்த்தால் காற்றின் அடர்த்தி சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. கார்புரேட்டரோ பெட்ரோலைப் பத்தில் ஒரு பங்குதான் குறைக்கும், ஏனென்றால் அது அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. விளைவு, சுமார் பன்னிரண்டு சதவீதம் ரிச். மலை ஏறாமலே எதிர்ப்பக்கத் தொல்லை வீட்டுக்கே வந்துவிட்டது. முள்ளோடை பங்க்கில் இன்று நிரப்பும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலில் ஏற்கனவே ஆக்சிஜன் உண்டு, ஒரு கிராமுக்கு 9 கிராம் காற்றே போதும். இரண்டும் கலந்த பெட்ரோலுக்கு 14.7 அல்ல, 13.5தான் சரியான விகிதம். பழைய பெட்ரோலுக்கென்று தேர்ந்தெடுத்த நீடில் இப்போது எட்டு சதவீதம் லீனாக ஊற்றிக்கொண்டிருக்கிறது.

இன்ஜெக்ஷனில் வேலை தலைகீழ். காற்று பெட்ரோலை இழுப்பதில்லை. முதலில் காற்றின் எடை கணக்கிடப்படுகிறது, பிறகு அதற்கேற்ற பெட்ரோல் பீய்ச்சப்படுகிறது. எடைபோடத் தராசு இல்லை. பள்ளியில் படித்த நல்லியல்பு வாயுச் சமன்பாடுதான் அங்கே தராசு. காற்று எஞ்சினுக்குள் நுழையும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் உள்ள அழுத்தம் தெரியும், காற்றின் வெப்பநிலை தெரியும், சிலிண்டரின் கொள்ளளவு தெரியும். நிறை கைக்கு வந்துவிடும். இந்த வழி புதிதல்ல. அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் 1950களிலேயே இதை முயன்றது. அந்த உரிமத்தைப் பெற்று போஷ் நிறுவனம் 1967இல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் டி-ஜெட்ரானிக் என்ற பெயரில் கொண்டுவந்தபோது, அதுவும் மேனிஃபோல்டு அழுத்தத்தைத்தான் அளந்தது.

சமன்பாட்டில் ஒரே ஓட்டை, அந்த 80 சதவீதம். சிலிண்டர் உண்மையில் எவ்வளவு நிரம்புகிறது என்பது கேம், வால்வு, சைலன்சர், ஆர்பிஎம் எல்லாவற்றையும் பொறுத்தது. அதை எந்தச் சூத்திரமும் சொல்லாது. ஆகவே இன்ஜெக்ஷனை இயக்கும் கணினியான இசியூவுக்குள் ஓர் அட்டவணை இருக்கும். ஒரு பக்கம் ஆர்பிஎம், இன்னொரு பக்கம் அழுத்தம், 16க்கு 16 என்றால் 256 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நிரம்பல் சதவீதம். இந்த 256 எண்களைக் கண்டுபிடிப்பதுதான் மாற்றத்தின் பாதி உழைப்பு.

இன்ஜெக்டர் என்பது திறந்து மூடும் ஒரு மின்வால்வு, அவ்வளவுதான். அழுத்தம் மாறாமல் வைத்துக்கொண்டால், திறந்திருக்கும் நேரமே பெட்ரோலின் அளவு. நிமிடத்துக்கு 200 சிசி விடும் இன்ஜெக்டர் 28 மில்லிகிராமைப் பீய்ச்ச ஏறத்தாழ 11 மில்லிவினாடி ஆகும். வால்வு எழும்பவே ஒரு மில்லிவினாடி பிடிக்கும், பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் இன்னும் கூடும். அதையும் இசியூ சேர்த்துக்கொள்ளும்.

இனி, இந்த எஞ்சினுக்கே உரிய சிக்கல். எம்ஜிபியில் இருப்பது பிஎம்சி என்ற பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் எஞ்சின். நமக்குப் பழக்கமான பழைய அம்பாசிடரின் 1,489 சிசி பெட்ரோல் எஞ்சினும் அதே குடும்பம். இதன் சிலிண்டர் ஹெட்டில், காற்று நுழையும் இன்டேக் போர்ட் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து இரண்டே இரண்டு. ஒன்றும் இரண்டும் ஒரு போர்ட்டைப் பகிர்கின்றன, மூன்றும் நான்கும் இன்னொன்றை. சிலிண்டர்கள் எரியும் வரிசை, அதாவது ஃபயரிங் ஆர்டர், 1-3-4-2. இப்போது முதல் போர்ட்டை மட்டும் கவனியுங்கள். இரண்டாம் சிலிண்டர் இழுக்கிறது, அடுத்த அரைச் சுற்றிலேயே ஒன்றாம் சிலிண்டர் இழுக்கிறது. அதன்பின் ஒரு முழுச் சுற்று யாரும் இழுப்பதில்லை. சாதாரண இன்ஜெக்ஷன் முறையில், நேரம் பார்க்காமல் சமமாகப் பீய்ச்சிக்கொண்டே இருந்தால், அந்த நீண்ட இடைவெளியில் பெட்ரோல் போர்ட்டில் தேங்கும். முதலில் வாய் திறக்கும் இரண்டாம் சிலிண்டர் அதை அள்ளிக்கொள்ளும், ஒன்றாம் சிலிண்டருக்கு மிச்சம்தான். மறுபக்கம் மூன்றும் நான்கும் அப்படியே. நடுவிலுள்ள இரண்டும் ரிச், ஓரத்திலுள்ள இரண்டும் லீன்.

இதில் பயப்பட வேண்டிய விஷயம், புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் இதைக் காட்டிக்கொடுக்காது. சைலன்சர் குழாயில் அது பார்ப்பது நான்கின் சராசரியை. சராசரி சரியாகவே இருக்கும். மீட்டரில் எல்லாம் நலம், ஓரத்துச் சிலிண்டர்களோ வெந்துகொண்டிருக்கும். கார்புரேட்டரில் இந்தத் தொல்லை ஏன் பெரிதாக இல்லை என்றால், அங்கே காற்று ஓடினால்தான் பெட்ரோல் வரும். யார் இழுக்கிறாரோ அவருக்கு அவர் பங்கு. எஸ்யூ மீது எனக்கு மதிப்புக் கூடியது இதைப் புரிந்துகொண்ட பிறகுதான்.

வழிகள் உண்டு. சிலிண்டருக்கு ஒரு இன்டேக் போர்ட் உள்ள ஏழு போர்ட் அலுமினிய ஹெட் வாங்கிப் போடலாம், பர்ஸ் கனமாக இருந்தால். இன்ஜெக்டரை வால்விலிருந்து தள்ளி, எஸ்யூ இருந்த இடத்திலேயே வைத்து, காற்றோடு கலக்க நேரம் கொடுக்கலாம். ஏற்றத்தாழ்வு குறையும், தீராது. மூன்றாவது வழி, போர்ட்டுக்கு ஒன்றாக இரண்டு பெரிய இன்ஜெக்டர்கள். இரண்டாம் சிலிண்டருக்கு ஒரு பீய்ச்சல், உடனே ஒன்றாம் சிலிண்டருக்குத் தனிப் பீய்ச்சல், அதற்குப் பிறகு மௌனம். மினி காரின் ஏ-சீரிஸ் எஞ்சினுக்கும் இதே பகிர்ந்த போர்ட்தான். 1996இல் ரோவர் நிறுவனம் அதற்கு இரண்டு இன்ஜெக்டர் முறையைக் கொடுத்தது. இப்படிச் செய்ய, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் எங்கே நிற்கிறது என்பது மட்டும் போதாது, வால்வுகளைத் திறக்கும் கேம் எந்தச் சுற்றில் இருக்கிறது என்பதும் இசியூவுக்குத் தெரிய வேண்டும். வேகமும் ஓர் எல்லை போடும். 5,500 ஆர்பிஎம்மில் அரைச் சுற்றுக்குக் கிடைப்பது 5.5 மில்லிவினாடிக்கும் குறைவு. 400 சிசி இன்ஜெக்டருக்கே 28 மில்லிகிராமுக்கு அவ்வளவு நேரம் வேண்டும். நண்பரின் காருக்கு மூன்றாவது வழியைத்தான் சொன்னேன்.

சோதிக்க எஞ்சினே ஒரு வசதியும் தருகிறது. இதன் எக்ஸாஸ்ட் போர்ட்கள் மூன்று. நடுவிலுள்ளது இரண்டுக்கும் மூன்றுக்கும் பொது, ஓரத்திலுள்ளவை ஒன்றுக்கும் நான்குக்கும் தனித்தனி. நடுக் குழாயில் விகிதத்தை எண்ணாகவே காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் ஒன்று, ஓரக் குழாயில் இன்னொன்று மாட்டினால் ரிச்சும் லீனும் நேராகத் தெரிந்துவிடும். லேத் பட்டறையில் இரண்டு நட்டு கடைந்து குழாயில் வெல்டிங் வைத்தால் போதும், வேலை முடிந்ததும் அடைத்துவிடலாம்.

பெட்ரோல் கொதிக்கும் கதைக்கு வருவோம். பழைய பம்ப் தருவது ஒரு பாரில் (பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) கால்வாசிகூட இல்லை. இன்ஜெக்ஷனுக்கு வேண்டியது சுமார் 3 பார். குக்கருக்குள் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருப்பதுபோல், அழுத்தத்தில் பெட்ரோலின் கொதிநிலை உயர்கிறது. கூடவே, மிஞ்சும் பெட்ரோல் ரிட்டர்ன் லைன் வழியே டேங்க்குக்குத் திரும்பி ஓடிக்கொண்டே இருப்பதால் எஞ்சின் சூட்டில் தேங்கி நிற்காது. சிக்னலில் நின்றுபோகும் வியாதி பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும். ஆனால் 3 பார் பெட்ரோல் என்பது விளையாட்டல்ல. பழைய ரப்பர் ஹோஸ் ஒன்றுகூட மிஞ்சக்கூடாது. அழுத்தமும் தாங்காது, எத்தனாலும் அரிக்கும். கிராங்க் சுற்றுவது நின்றால் பம்ப் உடனே நிற்கும்படி வயரிங் இருக்க வேண்டும், விபத்தில் குழாய் அறுந்தால் உயிரைக் காப்பது அதுதான். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். கடலூர் முதுநகர் காற்றில் மாதக்கணக்கில் பாதி டேங்க்கோடு நிற்கும் காரில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கி, டேங்க்கைத் துரு பிடிக்க வைக்கும். இன்ஜெக்டரின் துளைக்கு அந்தத் துரு எமன். டேங்க்கைச் சுத்தம் செய்யாமல் இன்ஜெக்டரைத் தொடவே வேண்டாம்.

காற்றின் வெப்பநிலை சென்சாரை எங்கே வைப்பது என்பதில் நம் ஊருக்கென்று தனிப் பாடம் உண்டு. மேனிஃபோல்டில் வைத்தால், வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்து வருவதற்குள் அது எக்ஸாஸ்ட் சூட்டில் காய்ந்திருக்கும். காற்று 35 டிகிரியில் வர, சென்சார் 70 என்று சொல்லும். சூடான காற்று எடை குறைவு என்று நம்பி இசியூ பெட்ரோலைக் குறைக்கும், வண்டி லீனாகித் தடுமாறும். ஏர் ஃபில்டருக்கு அருகில், உலோகத்தைத் தொடாமல் மாட்டுவதே சரி. குளிர்கால ஸ்டார்ட்டிங் பற்றிய வழிகாட்டிகளை நாம் வேகமாகப் புரட்டிவிடலாம்.

மின்சாரத்தில் சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான். 1967க்கு முந்தைய எம்ஜிபிகள் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும். இசியூவுக்கு நெகட்டிவ் எர்த் கட்டாயம். டைனமோ ஐட்லிங்கில் போதிய கரண்ட் தராது, ஆல்டர்னேட்டர் மாட்ட வேண்டும். உப்புக் காற்றில் கனெக்டர் பச்சை பூக்காமலிருக்க கிரீஸ் தடவ வேண்டும். கிராங்க் புல்லியில் 36 பல்லில் ஒன்று குறைந்த சக்கரம், அதன்மேல் ஒரு சென்சார். குறைந்த அந்தப் பல்தான் இசியூவுக்குக் கிராங்க் நிற்கும் இடத்தைச் சொல்லும்.

டியூனிங்குக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையே போதும், விடியற்காலையில், இருவராக. ஓட்டுபவர் சாலையை மட்டும் பார்க்க வேண்டும், லேப்டாப் அடுத்தவர் மடியில். ஒரே வேகம், ஒரே ஆக்சிலேட்டர் நிலை, சில வினாடி. சென்சார் காட்டும் விகிதத்துக்கும் வேண்டிய விகிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தக் கட்டத்தில் திருத்த வேண்டும். சீராக ஓடும்போது சரியான விகிதம், முழு ஆக்சிலேட்டரில் அதைவிட 12 சதவீதம் வரை ரிச். சென்சார் உண்மையில் பார்ப்பது மிஞ்சிய ஆக்சிஜனைத்தான். ஆகவே பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று அதற்குச் சொல்ல வேண்டியதில்லை, சீராக ஓடும் நிலையில் இசியூ தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும்.

துளை போடும் முன் ஒன்றைத் தீர்மானித்துவிடுங்கள். 50 ஆண்டு கடந்த வாகனங்களுக்கு 2021இல் வந்த மத்திய அரசின் விண்டேஜ் பதிவு விதி, சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்யாத அசல் நிலையைக் கேட்கிறது. அந்தப் பதிவு வேண்டுமென்றால் முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள். எப்படியானாலும் ஹெட்டை அறுக்காமல், தனி மேனிஃபோல்டில் இன்ஜெக்டரை மாட்டுங்கள். எஸ்யூ இரண்டையும், நீடில், ஜெட், லிங்கேஜ் உட்பட எண்ணெய் தடவிப் பெட்டியில் எடுத்து வையுங்கள்.