ட்ரோலிங்: 'இழுவை' வேண்டாம், 'ஓடுதூண்டில்' என்போம்

வட அமெரிக்கப் பேரேரிகளான ஒன்ராறியோவிலும் மிச்சிகனிலும் சால்மன், ட்ரௌட் மீன்களைப் பிடிப்பது பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ட்ரோலிங் என்ற சொல் வந்ததும் 'இழுவலை மீன்பிடிப்பு' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் கவனமுள்ளவர்கள் 'இழுவைத் தூண்டில்' என்கிறார்கள். முதலாவது பச்சைத் தவறு. இரண்டாவது சரிபோலத் தோன்றுவதால் கூடுதல் கெடுதல் செய்கிறது. இரண்டையும் கைவிட வேண்டும் என்பதே என் கட்சி.

பொருள் எளிது. ஓடுகிற படகிலிருந்து, முள்ளும் இரையும் கட்டிய நரம்பைப் பின்னால் விட்டு, படகின் வேகத்தாலேயே அந்த இரையை நீந்த வைத்து மீனைக் கடிக்கச் செய்வது ட்ரோலிங். நரம்பை ஈழத்தில் தங்கூசி என்பார்கள். கடித்த மீனைப் படகருகே கொண்டுவந்த பிறகு அள்ளித் தூக்கும் கைவலையைத் தவிர இதில் வலை என்று எதுவும் கிடையாது.

சொல்லின் பிறப்பையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரை தேடி அலைவதைக் குறித்த பழைய பிரெஞ்சு வேட்டைச் சொல் இதன் மூலம் என்பார்கள். ஆங்கிலத்தில் அது உருளுதல், சுற்றித் திரிதல் என்ற பொருளில் வழங்கி, 17ஆம் நூற்றாண்டுக்குள் தூண்டில்காரர்களின் சொல்லாகிவிட்டது. வலை இழுப்பதைக் குறிக்கும் ட்ராலிங் வேறு சொல்; அது டச்சு வழி வந்தது என்பது அகராதிகளின் பொதுவான கருத்து. ஸ்காண்டிநேவியக் கதைகளில் வரும் ட்ரோல் என்ற பூதம் மூன்றாவது. இணையத்தில் ஒருவரை வம்புக்கு இழுக்கும் ட்ரோல், தூண்டில் ட்ரோலிங்கிலிருந்து கிளைத்துப் பிறகு பூதத்தோடு ஒட்டிக்கொண்டது என்பார்கள். ஒலி நெருக்கத்தை நம்பி மொழிபெயர்த்தால் ஏரியில் தூண்டில் விடுகிறவர் ஒரு பக்கத்தில் வலைக்காரராகவும் அடுத்த பக்கத்தில் கேலி செய்பவராகவும் ஆகிவிடுவார்.

இழுவலை என்ற சொல்லைத் தமிழ் வாசகர் எப்படிக் கேட்கிறார் என்பதை மொழிபெயர்ப்பவர்கள் யோசிப்பதே இல்லை. பாக்கு நீரிணையில் அடிமட்டத்தை வாரிச் செல்லும் இழுவைமடி வலைக்கு எதிராக இலங்கையின் வடபுலத்து மீனவர்கள் எத்தனை ஆண்டு போராடினார்கள் என்பது ஊரறிந்த செய்தி. இலங்கை 2017இல் அடிமட்ட இழுவையைச் சட்டம் போட்டே தடை செய்தது. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் குடியிருக்கும் மன்னார்க்காரரிடம் 'ஏரியில் இழுவலை போடலாம்' என்றால் அவர் மனத்தில் என்ன எழும்? குஞ்சும் முட்டையும் சேர்த்து அள்ளும் மடிதான் எழும். ஏரியில் நடப்பதோ அதற்கு நேர் எதிர். ஒரு நரம்பு, ஒரு இரை, கடித்தால் ஒரு மீன். அதையும் எண்ணித்தான் விடுகிறார்கள்: மிச்சிகன் மாநிலத்தில் ஒருவருக்கு 3 தூண்டில், அதற்கு மேல் கூடாது. விதிமுறையைத் தமிழில் படிக்கிறவருக்கு 'இழுவலை' என்ற ஒரு சொல் முழு விதியையும் குழப்பிவிடும்.

குழப்பத்துக்கு ஒரு காரணம் கருவிகளிலேயே இருக்கிறது. இழுவைமடியின் வாயை விரித்துப் பிடிக்க இரு பக்கமும் பலகைகள் உண்டு. சாய்வாகக் கட்டியிருப்பதால் தண்ணீர் அவற்றை வெளிப்பக்கமாகத் தள்ளும். ஏரித் தூண்டிலிலும் அதே விதியில் ஓடும் சிறு பலகை உண்டு. நரம்பில் மாட்டி விட்டால் படகிலிருந்து பக்கவாட்டில் விலகிப் போகும். வசந்தத்தில் மீன் கரையோரம் மேல்மட்டத்தில் இருக்கும்போது படகின் நிழலும் ஓசையும் படாத தூரத்துக்கு இரையைக் கொண்டுபோக இதுதான் வழி. பலகை, கம்பி, கம்பி சுற்றும் ராட்டினம், பின்னால் எதையோ கட்டிக்கொண்டு ஓடும் படகு என்று படத்தைப் பார்த்தே பெயர் வைத்தால் இழுவலை என்றுதான் தோன்றும். படத்தைப் பார்த்து மொழிபெயர்ப்பது மொழிபெயர்ப்பாகாது.

இனி 'இழுவைத் தூண்டில்'. இதை ஆதரிப்பவர்கள் சொல்வது, படகு நரம்பை இழுக்கிறதே, அதனால் இழுவை என்பதில் என்ன பிழை என்று. பிழை மூன்று இடத்தில் இருக்கிறது.

இந்தத் தொழிலில் இழுவை என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. ஆழத்துக்கு இரையைக் கொண்டுபோக 8 முதல் 12 பவுண்டு வரை எடையுள்ள குண்டை எஃகுக் கம்பியில் கட்டி இறக்குகிறார்கள். ஆங்கிலத்தில் டவுன்ரிகர் எனப்படும் இதை ஆழ்குண்டு என்று சொன்னால் எவருக்கும் புரியும். படகு ஓடும்போது தண்ணீர் அந்தக் கம்பியையும் குண்டையும் பின்னுக்குத் தள்ளும். அதுதான் நீரின் இழுவை. இறக்கிய கம்பியின் நீளத்தைச் சொல்லும் எண்மானி 100 அடி காட்டும். கம்பி 30 பாகை சாய்ந்து நின்றால் குண்டு இருப்பது ஏறக்குறைய 87 அடியில். சினூக் சால்மன் விரும்பும் 12 பாகை செல்சியஸ் நீர் 100 அடியில் இருக்க, இரை 87 அடியில் ஓடினால் நாள் முழுக்கச் சுற்றியும் பயனிருக்காது. இது போக, மீன் ஓடும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் ரீலின் இறுக்கத்தையும் (ஆங்கிலத்தில் அதுவும் ட்ராக்) அகராதி பார்த்து 'இழுவை' என்றே எழுதுகிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே சொல் என்றால், 'இழுவையின்போது இழுவை கூடினால் இழுவையைத் தளர்த்தவும்' என்று எழுத நேரும். படகில் நிற்பவர் வேகத்தைக் குறைப்பாரா, ரீலைத் திருகுவாரா?

அடுத்தது இதைவிட முக்கியம். இழுத்தல் என்பது படகு செய்யும் காரியம். ட்ரோலிங்கின் நுட்பம் முழுக்க இரை என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது. இரையாகக் கட்டும், கரண்டி என்று நாம் அழைக்கத்தக்க வளைந்த உலோகத் தகடு மணிக்கு 2 மைலில் இடமும் வலமுமாக ஆடும். வேகம் மிகக் குறைந்தால் ஆடாமல் தொங்கும். கூடினால் தன்னைத் தானே சுழன்று நரம்பை முறுக்கிவிடும். சினூக்குக்கு மணிக்கு 2 முதல் 2.8 மைல், ஏரி ட்ரௌட்டுக்கு 1.5 முதல் 2, ஸ்டீல்ஹெட் என்ற ட்ரௌட்டுக்கு இன்னும் சற்று விரைவு என்பது பொதுக் கணக்கு. ஆகவே இரையைப் பின்னால் விடுமுன் படகின் விளிம்போரம் தண்ணீரில் பிடித்து, அந்த வேகத்தில் அது எப்படி ஆடுகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். மேல்மட்ட வேகமும் அடிமட்ட வேகமும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக் கூடாது. பேரேரிகளில் அடிநீரோட்டம் வேறு திசையில் ஓடும். வடக்கே போகும்போது மீன் கடித்து, அதே வேகத்தில் தெற்கே திரும்பியதும் கடி நின்றுபோனால், குறை பெரும்பாலும் இரையில் இல்லை. குண்டருகே வேகம் மாறியிருக்கிறது. கம்பியின் சாய்வு அதைக் காட்டிக்கொடுக்கும். 'இழுவை' என்ற சொல்லில் இந்த ஆட்டமோ ஓட்டமோ எதுவும் இல்லை. கல்லைக் கட்டி இழுத்தாலும் அது இழுவைதான்.

மூன்றாவது, பேச்சில் கத்தரிக்கப்படும். நீண்ட பெயரை யாரும் முழுதாகச் சொல்லப்போவதில்லை. 'இழுவைத் தூண்டில்' நாலே நாளில் 'இழுவை' ஆகிவிடும், பிறகு இழுவைமடியிடமே போய்ச் சேரும்.

வேறு ஆக்கங்களும் உண்டு. வேர்ச்சொல்லைப் பார்த்து 'உருட்டுத் தூண்டில்' என்கிறார்கள் சிலர். இங்கே எதுவும் உருளவில்லை. வேர்ப்பொருளை மட்டும் பெயர்ப்பது மூலமொழிக்கு மரியாதை, வாசகருக்குத் தொல்லை. 'அலைதூண்டில்' அழகானது, பிரெஞ்சு மூலத்தின் 'இரை தேடி அலைதல்' அதில் அப்படியே இருக்கிறது. ஆனால் தண்ணீருக்குப் பக்கத்தில் அலை என்றால் அலையைத்தான் நினைப்பார்கள்.

நான் சொல்வது ஓடுதூண்டில். ஓடிய தூண்டில், ஓடுகிற தூண்டில், ஓடும் தூண்டில் என மூன்று காலமும் அடங்கிய வினைத்தொகை. அதனால் நடுவில் 'த்' போடக் கூடாது. ஓடுதளம், ஓடுபாதை என்பவை பழகிய காதுக்கு இது அந்நியமில்லை. இதன் பெரிய பலம் வினையாகப் புழங்குவது: 'தூண்டில் ஓட்டுகிறார்கள்', '60 அடியில் ஓட்டினோம்', 'வேகமாக ஓட்டிவிட்டாய்'. வினையாகாத கலைச்சொல் அகராதியிலேயே கிடந்து செத்துப்போகும். நம் கரைகளிலும் ஓடும் படகின் பின்னே தூண்டில் விட்டு வஞ்சிரமும் சூரையும் பிடிப்பதுண்டு. அதற்கும் இதே சொல் பொருந்தும்.

பெயர் ஒன்று நின்றுவிட்டால் துணைக்கருவிகள் தாமாக வந்து சேரும். பக்கவாட்டில் போவது விலகுபலகை. நரம்பில் கட்டினால் இரையைக் கீழேயும் பக்கத்திலும் கொண்டுபோகும் வட்டத் தட்டு முங்குதட்டு. ஈயம் உள்ளே வைத்துப் பின்னிய நரம்பு ஈயநரம்பு. 10 கெஜத்துக்கு ஒரு நிறம் மாறும், 2 மைல் வேகத்தில் ஒரு நிறத்துக்குச் சுமார் 5 அடி இறங்கும். இரைக்கு முன்னால் பளபளத்துச் சுழன்று மீனை வரவழைப்பது மினுக்குத்தகடு. நரம்பைக் குண்டோடு பிடித்திருந்து மீன் கடித்ததும் விட்டுவிடுவது கவ்வி. இவற்றில் எதற்கும் பெருஞ்சொல் தேவைப்படவில்லை, பாருங்கள்.

தமிழாக்க வேண்டாதவற்றைத் தமிழாக்குவதும் இதே நோய்தான். ஸ்டீல்ஹெட் என்பது கடலுக்கோ பேரேரிக்கோ போய் ஆற்றுக்குத் திரும்பும் ரெயின்போ ட்ரௌட். அதை 'எஃகுத்தலை' என்று எழுதினால் யாருக்கு என்ன தெரியும்? சால்மனைக் 'காலா' என்று எழுதுவது இன்னும் மோசம். காலா நம் கடலில் இருக்கும் வேறு குடும்பத்து மீன், வெள்ளைக்காரர் அதை இந்தியச் சால்மன் என்று அழைத்ததால் வந்த வினை. ட்ரௌட்டுக்கோ 'ஒருவகை நன்னீர் மீன்' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். கெண்டையும் விராலும்கூட ஒருவகை நன்னீர் மீன்தானே! நீலகிரியில் ட்ரௌட் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இருக்கிறது, அவலாஞ்சியில் அதற்குப் பொரிப்பகமே உண்டு, அங்கே எல்லோரும் ட்ரௌட் என்றே சொல்கிறார்கள். மீனின் பெயர் ஊரோடும் இனத்தோடும் வருவது, அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மிச்சிகன் ஏரிக்கு 1966இல் கோஹோ சால்மனும் 1967இல் சினூக்கும் பசிபிக் கரையிலிருந்து குடியேறியவை. அவையும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. பெயரை விட்டுவிட்டுச் செயலையும் கருவியையும் தமிழில் சொல்வதுதான் கலைச்சொல் வேலை. நம்மவர்களோ தலைகீழாகச் செய்கிறார்கள்: மீனைத் தமிழாக்கிவிட்டுச் செயலை 'ட்ரோலிங் செய்தல்' என்று விட்டுவிடுகிறார்கள்.

கலைச்சொல் நிற்குமா என்று பார்க்க, அதை வைத்து ஒரு செய்முறையை எழுதிப் பார்க்க வேண்டும். எழுதிப் பார்ப்போம்.

கோடையில் தூண்டில் ஓட்டுவதற்கு முதலில் குளிர்நீர் எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். கரண்டியைப் படகுக்குப் பின்னால் 20 அடி விட்டு, நரம்பைக் கவ்வியில் மாட்டி, ஆழ்குண்டை மெதுவாக இறக்குங்கள். கட்டறுந்தது போல விட்டால் இரை திரும்பி வந்து கம்பியில் சுற்றிக்கொள்ளும். குண்டு நின்றதும் தூண்டில் கோலின் நுனி வில்லாக வளையும்வரை நரம்பைச் சுற்றுங்கள். தளர்வாக விட்டால் கடித்த மீன் கவ்வியிலிருந்து விடுபடும்போது முள் ஏறாது. கவ்வியை மிக இறுக்கினால் சிறுமீன் கடித்தது தெரியாமலே அரைமணி நேரம் அதை ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். கோல்நுனி லேசாகத் துடித்தால் ஏற்றிப் பாருங்கள். முங்குதட்டில் ரீலின் இறுக்கம், ஓடும்போது நரம்பு நழுவாத அளவுக்கு மட்டும் இருந்தால் போதும். திரும்பும்போது அகலமாக வளையுங்கள். உள்பக்கத் தூண்டில்கள் வேகம் குறைந்து தாழும், வெளிப்பக்கத் தூண்டில்கள் வேகம் கூடி மேலேறும். உள்பக்கத்தில் கடித்தால் வேகத்தைச் சற்றுக் குறையுங்கள், வெளிப்பக்கத்தில் கடித்தால் கூட்டுங்கள். சட்டென்று ஒடித்துத் திருப்பினால் ஆழ்குண்டின் கம்பி படகின் அடியில் புகுந்து விசிறியில் சிக்கும்.