சுவர்க்கோழியின் சுருதியும் தாளமும்

கொடைக்கானலில் ஓர் இரவு தங்க நேர்ந்த மதுரை வாசகர் ஒருவர், அங்கே அறைக்கு வெளியே கேட்ட சுவர்க்கோழியின் ஒலி, தம் வீட்டுக் கொல்லையில் கேட்பதைவிட மிகவும் மந்தமாக, தூக்கக் கலக்கத்தில் கத்துவதைப் போல இருந்ததாகவும், மலையில் இருப்பது வேறு இனமா அல்லது குளிர்தான் காரணமா என்றும் கேட்டு எழுதியிருக்கிறார். கேள்வியைச் சரியாகவே இரண்டாகப் பிரித்துக் கேட்டிருக்கிறார். வேறு இனமாகவும் இருக்கலாம், குளிரும் காரணமாக இருக்கலாம். காதால் மட்டும் கேட்டு இவற்றைப் பிரித்தறிய முடியாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

பூச்சிகளுக்கு நம்மைப் போல உடல் வெப்பத்தை நிலையாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு பெரும்பாலும் கிடையாது என்பது பள்ளிப் பாடம். சுற்றுப்புறம் குளிர்ந்தால் அவற்றின் உடலும் குளிரும், நரம்புகளிலும் தசைகளிலும் நடக்கும் வேதிவினைகள் தாமதமாகும், ஒலியும் தாமதமாகும். இதை முதலில் எண்ணிப் பார்த்தவர்கள் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியினர். மார்கரெட் ப்ரூக்ஸ் என்ற பெண்மணி 1881ஆம் ஆண்டிலேயே வெப்பநிலைக்கும் சுவர்க்கோழியின் ஒலிக்கும் உள்ள தொடர்பை ஓர் அறிவியல் இதழில் எழுதினார். 16 ஆண்டுகள் கழித்து, 1897இல், மாசசூசெட்ஸைச் சேர்ந்த இயற்பியல் பேராசிரியர் ஏமோஸ் டால்பியர் அதைச் சூத்திரமாக்கினார். விதி இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. ப்ரூக்ஸின் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. 60 பாகை பாரன்ஹீட்டில் நிமிடத்துக்கு 80 ஒலிகள், 70 பாகையில் 120 ஒலிகள், அதாவது ஒரு பாகைக்கு நான்கு ஒலிகள் கூடும் என்பது டால்பியரின் கணக்கு. செல்சியஸில் வேண்டுமென்றால், எட்டு நொடிகளில் எத்தனை முறை ஒலிக்கிறது என்று எண்ணி, அதனுடன் ஐந்தைக் கூட்டிக்கொள்ளலாம். இந்தக் கணக்கு வட அமெரிக்காவின் வெளிர்ந்த மரச் சுவர்க்கோழி ஒன்றுக்கு நன்றாகப் பொருந்துகிறது. (மரத்தில் வாழ்வதற்குச் சுவர்க்கோழி என்ற பெயர் முரணாகத்தான் இருக்கிறது, வேறு நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை.) நம் வீட்டுச் சுவரோரத்துப் பூச்சிக்கு இதை அப்படியே போட்டுப் பார்த்தால் விடை தவறும். டால்பியர் தம் கட்டுரையில் எந்த இனத்தைப் பற்றிப் பேசுகிறார் என்பதையே குறிப்பிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சோதனையில் சறுக்கும் இடம் எண்ணிக்கை அன்று, வெப்பமானி. நான் முதன்முதலில் முயன்றபோது, துவைக்கும் கல்லுக்கு அடியில் இருந்த பூச்சியின் ஒலியை எண்ணிவிட்டு, கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். ஒரு வாரக் குறிப்புகளில் எந்த ஒழுங்கும் தென்படவில்லை. பகல் முழுவதும் வெயில் குடித்த கல் இரவு பத்து மணிக்கும் கதகதப்பாக இருந்ததைக் கை வைத்துப் பார்த்த பிறகே என் மடமை புரிந்தது. பூச்சி பாடுவது கல்லின் வெப்பத்துக்கு. நான் எழுதி வைத்ததோ கூடத்தின் வெப்பத்தை. கைப்பேசி காட்டும் ஊர் வெப்பநிலை இதைவிடவும் பயனற்றது.

அடுத்த சிக்கல், இரவு செல்லச் செல்லக் குளிர் மட்டும் கூடுவதில்லை என்பது. ஈரப்பதம் கூடுகிறது, நிலவு ஏறுகிறது, பூச்சியும் களைக்கிறது. ஒலி மெதுவானால் இவற்றுள் எதைக் குற்றம் சொல்வது? 1898இல், நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் பெஸ்ஸி என்ற குடும்பப் பெயர் கொண்ட இருவர் இந்த முடிச்சை மிக எளிமையாக அவிழ்த்தார்கள். குளிர்ந்த ஒரு மாலையில் பாடிக்கொண்டிருந்த பூச்சி ஒன்றைப் பிடித்து, வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். சில நிமிடங்களில் அது, வெளியே இருந்த தன் தோழர்களின் வேகத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கில் பாடத் தொடங்கியது. அதே மாலை, அதே நிலவு, அதே பூச்சி. மாறியது அறையின் வெப்பம். ஆய்வு என்றாலே பல கோடி ரூபாய்க் கருவி என்று நினைப்பவர்களும், பூச்சியின் ஒலியை ஆராய நிதி கேட்டால் ‘இதனால் நாட்டுக்கு என்ன பயன்’ என்று கேட்பவர்களும் இந்தச் சோதனையை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

என் பாட்டி, சுவர்க்கோழி விடாமல் வேகமாகக் கத்தினால் மழை வரும் என்பார். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. மேகம் மூடிய இரவில் தரையின் வெப்பம் வானுக்குத் தப்பிவிடாமல் தங்குகிறது, ஆகவே பூச்சி வேகமாகவே பாடும். அந்த மேகம் மழையாகவும் பெய்யலாம். பாட்டி கவனித்தது சரி. பூச்சிக்குத் தெரிந்திருந்தது வெப்பம் மட்டுமே, மழை அன்று.

இனி, இந்த விஷயத்தில் என்னை மிகவும் மயக்கிய பகுதிக்கு வருகிறேன். சுவர்க்கோழி தொண்டையால் கத்துவதில்லை. ஆண் பூச்சி தன் முன்சிறகுகள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று உரசுகிறது. மேலே இருக்கும் வலச்சிறகின் அடிப்புறத்தில் நுண்ணிய பற்கள் வரிசையாக அமைந்த அரம் ஒன்று உண்டு; இடச்சிறகின் விளிம்பில் கெட்டியான சுரண்டி உண்டு. சிறகுகள் மூடும்போது சுரண்டி அரத்தின் பற்களை ஒவ்வொன்றாகத் தட்டிச் செல்கிறது. திறக்கும்போது ஒலி இல்லை. சிறகில் மெல்லிய தோலாக விரிந்திருக்கும் பகுதிக்குப் பூச்சியியலாளர்கள் யாழ் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அது தட்டலுக்கு ஏற்ப அதிர்ந்து ஒலியைப் பெருக்குகிறது.

இப்போது வெப்பம் ஏறுகிறது, சிறகு வேகமாக மூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பற்கள் தட்டப்படும் வேகமும் கூட வேண்டும், ஆகவே சுருதியும் ஏற வேண்டும் அல்லவா? தரையில் வாழும் வயல் சுவர்க்கோழிகளில் அப்படி நடப்பதில்லை. அவற்றின் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 4,500 முதல் 5,000 அதிர்வுகள் என்ற அளவை ஒட்டியே, வெயிலிலும் குளிரிலும் பெரிதாக நகராமல் நிற்கிறது. காரணம், அங்கே அதிகாரம் யாழிடம் இருக்கிறது. ஊசல் கடிகாரத்தை உள்ளே திறந்து பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பல்சக்கரம் விட்டால் ஒரே மூச்சில் சுழன்றுவிடும். ஊசல் ஒருமுறை ஆடினால்தான் ஒரு பல் விடுபடும் என்ற தடை அதைக் கட்டுப்படுத்துகிறது. அதைப் போலவே, யாழ் ஒருமுறை அதிர்ந்து முடித்தால்தான் சுரண்டி ஒரு பல்லைக் கடந்து அடுத்த பல்லுக்குப் போகிறது. தசை எவ்வளவு அவசரப்பட்டாலும் யாழ் தன் இயல்பான அதிர்வெண்ணை விட்டுக்கொடுப்பதில்லை. சங்கீத மொழியில் சொன்னால், வெப்பம் காலப்பிரமாணத்தை மாற்றுகிறது, சுருதி கட்டைவிட்டு நகர்வதில்லை.

மரச் சுவர்க்கோழிகள் இந்த ஒழுங்குக்கு அடங்குவதில்லை. அவற்றின் சிறகு கண்ணாடித்தாள் போல மெல்லியது, பரந்த எல்லைக்குள் எந்த வேகத்தில் தட்டினாலும் அதற்கேற்ப அதிரக்கூடியது. இங்கே அதிகாரம் தசையிடம் இருப்பதால், இரவு குளிரக் குளிரத் தாளம் தளர்வதோடு சுருதியும் இறங்குகிறது. தென்னிந்தியப் புதர்களில் வாழும் ஈகாந்தஸ் ஹென்ரி என்ற இனத்தில் இது விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது.

ஆண் பூச்சி பாடுவது பெண்ணை அழைப்பதற்காக. பெண்ணோ தன் இனத்தின் அழைப்பைத் தாளத்தையும் சுருதியையும் கொண்டே அடையாளம் காண்கிறது. இரண்டும் வெப்பத்தோடு ஓடிக்கொண்டிருந்தால் அது எதைப் பிடித்துக்கொள்ளும்? தாளத்தைப் பொறுத்தவரை விடை 1957இலேயே வந்துவிட்டது. பூச்சியியலாளர் தாமஸ் வாக்கர் மரச் சுவர்க்கோழிப் பெண்களுக்கு வெவ்வேறு வேகங்களில் ஒலியைக் கேட்கச் செய்தபோது, அவை அந்தந்த வெப்பநிலையில் ஓர் ஆண் பாடக்கூடிய வேகத்தையே நாடிச் சென்றன. குளிர்ந்த பெண்ணுக்கு மெதுவான பாட்டே பிடிக்கிறது. பெண்ணை வெப்பப்படுத்தினால் விருப்பமும் வேகமாகிவிடுகிறது.

சுருதிக்கான விடை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ரோகிணி பாலகிருஷ்ணனும் அவருடைய சகாக்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது, அது வேறு மாதிரியானது. ஈகாந்தஸ் ஹென்ரியின் பெண், 18 முதல் 27 பாகை செல்சியஸ் வரையிலான இயற்கை வெப்ப எல்லைக்குள் ஆண்கள் எழுப்பும் எந்தச் சுருதிக்கும் ஒரே மாதிரி இசைந்து சென்றது. முன்னங்கால்களில் இருக்கும் அதன் செவிப்பறையை அளந்து பார்த்தபோது, தேவைக்கும் மிக அதிகமாக, ஏறக்குறைய பத்து மடங்கு விரிந்த அதிர்வெண் எல்லையில் அது சமமாக அதிர்வது தெரிந்தது. பொதுவாக எந்தத் தோலும் ஏதோ ஒரு சுருதிக்கு அதிகமாக அதிர்ந்து மற்றவற்றுக்கு அடங்கும்; மிருதங்கத்தைத் தட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அப்படியிருக்க இவ்வளவு சமமான செவிப்பறை உயிருலகில் அபூர்வம் என்றும், எளிய இயந்திர மாதிரியைக் கொண்டு அதை விளக்க முடியவில்லை என்றும் அவர்கள் எழுதினார்கள்.

மதுரை வாசகர் அடுத்த முறை மலைக்குப் போகும்போது, காற்றுத் துளையிட்ட ஒரு டப்பாவும் சிறிய வெப்பமானியும் எடுத்துச் செல்லலாம். பாடும் பூச்சியைப் பிடிக்கும் முன்பே, அது இருந்த இடத்தின் வெப்பத்தைக் குறித்துக்கொண்டு, அதன் ஒலியைக் கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டும். வேகம் கூடும்போது காதால் எண்ணுவது தவறும். பிறகு அறைக்குள் கொண்டுவந்து, ஒரு துண்டு வெள்ளரிக்காயுடன் டப்பாவில் விட்டு, விளக்கை அணைத்துக் காத்திருக்க வேண்டும். பிடிபட்ட அதிர்ச்சியில் அது வெகுநேரம் வாய் திறக்காமலும் இருக்கலாம், திறப்பது வாயை அன்று என்றாலும். பாடத் தொடங்கியதும் வேகம் ஏறினால் குளிரின் பங்கு உறுதி. மதுரை இரவின் அதே வெப்பத்துக்கு வந்த பிறகும் மதுரைப் பூச்சியை எட்டவில்லை என்றால், இனமும் வேறாக இருக்கலாம் என்று சந்தேகிக்க இடமுண்டு. எதுவானாலும் விடிவதற்குள் அதைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.