ஓடிக்கொண்டிருக்கும் கணினியை அப்படியே புதிய டிஸ்க்குக்கு மாற்றுவது எப்படி?

வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “என் மடிக்கணினியில் உள்ள ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட நினைக்கிறேன். விண்டோஸையும் எல்லா மென்பொருள்களையும் புதிதாகத்தான் போட வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். சி டிரைவில் இருப்பதையெல்லாம் தேர்வு செய்து புதிய டிஸ்க்கில் காப்பி செய்தால் போதாதா?” கடையில் சொல்வது பெரும்பாலும் தேவையற்ற வேலை, வாசகர் நினைக்கும் வழியோ பலிக்காது. டிஸ்க்கை முழுமையாகக் குளோன் செய்வது, அதாவது அச்சு அசலாகப் படியெடுப்பது என்று மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அதன் உள்ளே நடப்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோப்புகளைத் தேர்வு செய்து காப்பி செய்வது ஏன் பலிக்காது? விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரி கோப்புகளைக் கணினி தொடங்கியது முதல் அணையும் வரை திறந்தே வைத்திருப்பதால், வேறு நிரல்கள் அவற்றைச் சாதாரண முறையில் படிக்க இயலாது. ஒரே உள்ளடக்கத்துக்குப் பல பெயர்கள் தரும் ஹார்ட் லிங்க் முறை விண்டோஸ் கோப்புறைக்குள் ஏராளமாகக் கையாளப்படுகிறது. சாதாரணக் காப்பி அவற்றைத் தனித்தனிக் கோப்புகளாகப் பெருக்கிவிடும். இவற்றையெல்லாம் சமாளித்துவிட்டாலும், கணினியை எழுப்பும் பூட் நிரல் சி டிரைவில் இல்லை. அது இ.எஃப்.ஐ. பார்ட்டிஷன் (டிஸ்க்கில் தனியாகப் பிரித்த பகுதிக்குப் பார்ட்டிஷன் என்று பெயர்) என்ற சிறிய பகுதியில், எக்ஸ்ப்ளோரரில் தென்படாமல் இருக்கிறது. எனவே கோப்பு என்ற மட்டத்துக்குக் கீழே இறங்கியாக வேண்டும்.

அந்தக் கீழ்மட்டத்தில் டிஸ்க்குக்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பூஜ்ஜியத்திலிருந்து வரிசையாக எண்ணிடப்பட்ட, செக்டார்கள் எனப்படும் சிறு துண்டுகள் மட்டுமே. ஒரு செக்டாரில் 512 பைட் என்று கொண்டால், 1 டிபி டிஸ்க்கில் சுமார் 195 கோடி செக்டார்கள் இருக்கும். எந்தப் பார்ட்டிஷன் எந்த எண்ணில் தொடங்குகிறது என்பதைத் தொடக்கத்திலுள்ள அட்டவணை சொல்கிறது. எந்தக் கோப்பு எந்தெந்த இடங்களில் கிடக்கிறது என்பதை, விண்டோஸ் கையாளும் என்.டி.எஃப்.எஸ். கோப்பு முறையின் தலைமைப் பட்டியல் சொல்கிறது. இவை அனைத்தும் வெறும் இட எண்களே. ஆகவே பழைய டிஸ்க்கின் முதல் செக்டாரைப் புதியதன் முதல் செக்டாரிலும், இரண்டாவதை இரண்டாவதிலும் என்று வைத்துக்கொண்டே போனால், அந்தப் பட்டியல்கள் சொல்வது புதிய டிஸ்க்கிலும் உண்மையாகவே இருக்கும். மதர்போர்டு, திரை, விசைப்பலகை எதுவும் மாறாததால், அவற்றை இயக்கும் டிரைவர் நிரல்களும் அப்படியே பொருந்தும். விண்டோஸின் டிஜிட்டல் உரிமம் முதன்மையாக மதர்போர்டோடு பிணைக்கப்பட்டது என்பதால், டிஸ்க்கை மட்டும் மாற்றினால் அதற்கும் பொதுவாகச் சிக்கல் வருவதில்லை.

எல்லாச் செக்டார்களையும் படிக்க வேண்டுமா? யூனிக்ஸின் பழைய டிடி கட்டளை அப்படித்தான் செய்யும். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் படித்தால் 1 டிபி முடிய 2 மணி 47 நிமிடம் ஆகும். ஆனால் என்.டி.எஃப்.எஸ்., செக்டார்களைச் சேர்த்து அமைத்த, வழக்கமாக 4 கேபி அளவுள்ள ஒவ்வொரு கிளஸ்டருக்கும் ஒரு பிட் ஒதுக்கி, அது பயன்பாட்டில் இருந்தால் 1, காலியாக இருந்தால் 0 என்று குறித்து வைத்திருக்கிறது. 1 டிபிக்கு இந்த வரைபடத்தின் அளவு சுமார் 30 எம்பிதான். குளோன் செய்யும் மென்பொருள் முதலில் இதைப் படித்துவிட்டு 1 என்று குறித்த இடங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. 200 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது என்றால் அதே வேகத்தில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் போதும்.

இதுவரை சொன்னவை எளியவை. இனி வருவதுதான் இந்த வேலையின் உயிர் என்று நான் கருதுகிறேன். படியெடுக்க அரை மணியோ மூன்று மணியோ ஆகும் அந்த நேரம் முழுவதும் விண்டோஸ் ஓய்ந்திருப்பதில்லை. பதிவேடுகளை எழுதுகிறது, தற்காலிகக் கோப்புகளை அழிக்கிறது, அழிந்த இடத்தில் வேறொன்றை வைக்கிறது. பத்து மணிக்குத் தலைமைப் பட்டியலைப் படியெடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோப்பு டிஸ்க்கின் கடைசிப் பகுதியில் இருப்பதாக அது சொல்கிறது. பத்தரை மணிக்கு விண்டோஸ் அந்தக் கோப்பை அழித்து, அதே இடத்தில் வேறொரு கோப்பின் துண்டை எழுதிவிடுகிறது. பத்தே முக்காலுக்கு மென்பொருள் அந்த இடத்தை வந்தடைந்து, இருப்பதைப் படியெடுக்கிறது. புதிய டிஸ்க்கில் பட்டியல் பத்து மணியுடையது. உள்ளடக்கம் பத்தே முக்காலுடையது. இத்தகைய கலவை பழைய டிஸ்க்கில் எந்தக் கணத்திலும் இருந்ததில்லை. ஒவ்வொரு செக்டாரும் பிழையின்றிப் படியெடுக்கப்பட்டிருந்தும் மொத்தம் பொய்யாகிவிடுகிறது.

மக்கள் தொகைக் கணக்கெடுப்பு இதே சிக்கலைச் சந்திக்கிறது. 2011இல் வீடு வீடாக எண்ணும் பணி பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்தது. எண்ணி முடித்த தெருவிலிருந்து எண்ணாத தெருவுக்கு ஒரு குடும்பம் குடிபெயர்ந்தால் இருமுறை எண்ணப்படும். எதிர்த் திசையில் போனால் விடுபட்டே போகும். அதற்காகத்தான் 2011 மார்ச் 1 தொடங்கும் நள்ளிரவு என்று ஒரே கணத்தைக் குறித்து, எண்ணிக்கை முழுவதும் அந்தக் கணத்தின் நிலையைச் சொல்வதாக வைத்துக்கொண்டார்கள். இடையில் நேர்ந்த பிறப்பு இறப்புகளைச் சரிசெய்ய மார்ச் 1 முதல் 5 வரை மீண்டும் ஒரு சுற்று வந்தார்கள். டிஸ்க்குக்கும் அப்படியொரு கணம் தேவைப்படுகிறது.

அந்தக் கணத்தை உண்டாக்கித் தரும் அமைப்புக்கு விண்டோஸில் வால்யூம் ஷேடோ காப்பி என்று பெயர். விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே இருக்கிறது. குளோன் செய்யும் மென்பொருள் கேட்டதும், ரெஜிஸ்ட்ரி, தரவுத்தளங்கள் போன்று தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கும் பகுதிகளுக்கு விண்டோஸ் முன்னறிவிப்புத் தருகிறது. அவை கையிலிருக்கும் வேலையை முடித்து, நினைவகத்தில் தேங்கியிருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு, புதிதாக எழுதாமல் நிற்கின்றன. இப்படி அதிகபட்சம் 60 நொடி நிற்கலாம். அதற்குள் ஒரு சிறு இடைவெளியில், 10 நொடிக்கு மிகாமல், டிஸ்க்குக்குப் போகும் எழுத்துகள் எல்லாமே தடுத்து நிறுத்தப்படுகின்றன. அந்த இடைவெளியில் ஸ்னாப்ஷாட், அதாவது அந்தக் கணத்து டிஸ்க்கின் உறைந்த தோற்றம், உருவாகிறது. உடனே எல்லாம் வழக்கம்போல் ஓடத் தொடங்குகின்றன.

பத்து நொடிக்குள் 200 ஜிபியைப் படியெடுக்க முடியாது அல்லவா? உண்மையில் அந்தக் கணத்தில் எதுவும் படியெடுக்கப்படுவதே இல்லை. விண்டோஸ் ஓர் உறுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது: இந்தக் கணத்தில் இருந்த எந்தத் துண்டையும் இனி பாதுகாக்காமல் மாற்றுவதில்லை. அதன் பிறகு ஏதாவது ஒரு நிரல் டிஸ்க்கில் எழுத வரும்போது, அந்த இடத்தைக் கொண்ட 16 கேபி துண்டு ஏற்கெனவே பாதுகாக்கப்பட்டதா என்று பார்க்கப்படுகிறது. இல்லையென்றால், பழைய உள்ளடக்கம் தனியாக ஒதுக்கிய பகுதிக்கு முதலில் நகர்த்தப்பட்டு, அதன் பின்பே புதியதை எழுத அனுமதி கிடைக்கிறது. அதே துண்டில் மறுபடி ஆயிரம் முறை எழுதினாலும் கவலை இல்லை. ஸ்னாப்ஷாட் பத்து மணிக்கு உருவானது என்று வைத்துக்கொண்டால், பத்து மணியின் உள்ளடக்கம் முதல் முறையிலேயே பத்திரமாகிவிட்டது. மறுபுறம், குளோன் செய்யும் மென்பொருள் ஒரு துண்டைக் கேட்கும்போது, ஒதுக்கிய பகுதியில் இருந்தால் அங்கிருந்தும், இல்லையென்றால் டிஸ்க்கிலிருந்து நேரடியாகவும் எடுத்துத் தரப்படுகிறது. ஒதுக்கிய பகுதியில் இல்லை என்றாலே அந்தத் துண்டு பத்து மணிக்குப் பின் மாறவே இல்லை என்று பொருள். எனவே விண்டோஸும் நாமும் பதினொரு மணியில் வேலை செய்துகொண்டிருக்க, அந்த மென்பொருள் மட்டும் பத்து மணிக்கு உறைந்து நிற்கும் ஒரு டிஸ்க்கை நிதானமாகப் படித்துக்கொண்டிருக்கிறது.

இதற்குத் தேவைப்படும் இடம் டிஸ்க்கின் அளவைப் பொறுத்ததன்று. இடைப்பட்ட நேரத்தில் எவ்வளவு மாறியது என்பதை மட்டுமே பொறுத்தது. முழு டிஸ்க்கின் கடந்த காலத்தைக் காக்கச் சில ஜிபிகளே போதுமாகிவிடும் இந்தச் சிக்கனத்தை எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை. ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டால் மட்டும் ஸ்னாப்ஷாட் கைவிடப்பட்டு, குளோன் பாதியில் முறிந்துபோகும். குளோன் ஓடும்போது பெரிய கோப்புகளைப் பதிவிறக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். பென்டிரைவிலிருந்து வேறோர் இயங்குதளத்தைக் கிளப்பி, டிஸ்க்கிலுள்ள விண்டோஸ் உறங்கும்போதே படியெடுத்தால் ஸ்னாப்ஷாட்டே தேவையில்லை. குளோன்ஸில்லா என்ற இலவசக் குளோன் மென்பொருள் அப்படித்தான் வேலை செய்கிறது. அதற்குமுன் விண்டோஸை உறக்கநிலையிலோ விரைவுத் தொடக்க முறையிலோ விடாமல் முழுமையாக அணைத்திருக்க வேண்டும்.

அடுத்து அடையாளம் பற்றிய ஒரு சிக்கல். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் பார்ட்டிஷனுக்கும் தனித்த அடையாள எண் உண்டு. பூட் நிரல் விண்டோஸை அந்த எண்ணைக் கொண்டே தேடுகிறது. அப்படியே படியெடுத்தால் ஒரே எண்ணுள்ள இரண்டு டிஸ்க்குகள் கணினியில் இருக்கும். அவற்றுள் ஒன்றை விண்டோஸ் முடக்கி வைத்துவிடும். ஆகவே சில மென்பொருள்கள் புதிய டிஸ்க்குக்குப் புது எண் தந்து பூட் பதிவுகளையும் அதற்கேற்பத் திருத்துகின்றன; மற்றவற்றைப் பயன்படுத்தினால், முதல் முறை கிளப்பும்போது பழைய டிஸ்க்கைக் கழற்றிவிடுவதே பாதுகாப்பு. ஜி.பி.டி. என்ற பார்ட்டிஷன் அமைப்பு முறையில் பார்ட்டிஷன் அட்டவணையின் மாற்றுப் பிரதி டிஸ்க்கின் கடைசியில் இருக்க வேண்டும். பெரிய டிஸ்க்குக்குச் செக்டார் செக்டாராகப் படியெடுத்தால் அது நடுவில் மாட்டிக்கொள்ளும் என்பதால், அதையும் கடைசிக்கு நகர்த்தியாக வேண்டும். சி டிரைவுக்கு அடுத்து மீட்புப் பார்ட்டிஷன் ஒன்று வழிமறித்து நிற்பதால் கூடுதல் இடம் பயனாகாமல் போவதும் அடிக்கடி நடக்கிறது. அதை நகர்த்தும் வசதி உள்ள மென்பொருளைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

பிட்லாக்கர் மறைகுறியாக்கம் இருந்தால், தொடங்கும் முன் மீட்புச் சாவியை வேறோர் இடத்தில் எழுதி வைத்துக்கொள்வது கட்டாயம். காலி இடங்களையும் சேர்த்து முழுவதும் படியெடுத்திருந்தால், புதிய எஸ்.எஸ்.டி. தன்னிடம் காலி இடமே இல்லை என்று எண்ணிக்கொண்டிருக்கும். டிரிம் கட்டளையை ஒருமுறை ஓட்டினால் காலியானவை எவை என்பதை விண்டோஸ் அதற்குத் தெரிவித்துவிடும். பழைய டிஸ்க் பழுதாகத் தொடங்கியிருந்தால் இவை எதையும் முயல வேண்டாம். அதற்கென்றே டிடிரெஸ்க்யூ என்ற கருவி இருக்கிறது. அது நலமாக உள்ள பகுதிகளை முதலில் மீட்டுவிட்டு, கெட்ட இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு கடைசியில் திரும்பி வருகிறது. சாகும் தறுவாயிலுள்ள டிஸ்க்கிடமிருந்து எதை முதலில் பெறுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இங்கே என் கருத்தையும் சொல்லியாக வேண்டும். கணினி மெதுவானால் ஃபார்மட் அடி, டிஸ்க்கை மாற்றினால் ஃபார்மட் அடி என்ற பழக்கத்தை ஒரு மூடநம்பிக்கையாகவே பார்க்கிறேன். காரணத்தை ஆராயாமல் எல்லா நோய்க்கும் ஒரே பரிகாரம் சொல்வது, தாயத்துக் கட்டுவதற்குச் சற்றும் மேலானதன்று. வைரஸ் புகுந்திருந்தாலோ, விண்டோஸின் கோப்புகள் சிதைந்திருந்தாலோ, குளோன் அந்தக் கேட்டையும் சேர்த்தே கொண்டுபோகும் என்பதால் அப்போது புதிதாக நிறுவுவதே முறை. அந்தக் காரணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும் என்பதே என் வாதம்.

குளோன்ஸில்லா தைவான் நாட்டின் தேசிய உயர்செயல் கணினி மையத்தில் உருவானது. பொதுப் பணத்தில் நடக்கும் ஓர் ஆய்வு நிறுவனம், பள்ளி ஆய்வகங்களில் வரிசையாக நிற்கும் கணினிகளுக்கு ஒரே அமைப்பை ஏற்றும் சலிப்பூட்டும் வேலைக்குக் கருவி செய்து, உலகம் முழுவதற்கும் இலவசமாகத் தந்திருக்கிறது. நம் நாட்டு அரசின் கணினி ஆய்வு அமைப்பான சிடாக் நிறுவனமும் பாஸ் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியது. இத்தகைய முயற்சிகளுக்குத் தொடக்க விழாவோடு நின்றுவிடாமல் ஆண்டுதோறும் பராமரிப்புக்கும் நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பாராட்டு கிடைக்காத இந்தப் பராமரிப்பு வேலையால்தான் ஒரு கருவி இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் பயன்படுகிறது.

வாசகருக்குக் கடைசியாக ஒன்று. புதிய டிஸ்க்கில் கணினி சில நாள்கள் நன்றாக ஓடுவதைப் பார்த்த பிறகே பழையதைத் தொடுங்கள். அதை விற்பதாக இருந்தால் விரைவு ஃபார்மட் போதாது. அது பட்டியலையும் மேலே சொன்ன அந்த 30 எம்பி வரைபடத்தையும் மட்டும் புதுப்பித்துவிட்டு, உங்கள் படங்களையும் ஆவணங்களையும் செக்டார்களில் அப்படியே விட்டுவிடும். விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவியில் சரியான டிஸ்க்கைத் தேர்ந்து கிளீன் ஆல் கட்டளை கொடுத்தால், ஒவ்வொரு செக்டாரிலும் பூஜ்ஜியம் எழுதப்படும். ஹார்ட் டிஸ்க்குக்கு ஒருமுறை அப்படிச் செய்தால் போதும்.